பள்ளி நூலகத்துக்குக் கணினி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி நூலகத்தைக் கணினிமயமாக்க நிதி கிடைக்கும்போது, பல நேரங்களில் அது மார்ச் மாத இறுதிக்குள் செலவிட்டாக வேண்டும் என்ற நெருக்கடியோடுதான் வந்து சேர்கிறது. அந்த அவசரத்தில் முதலில் எழும் கேள்வி "எத்தனை கணினி வாங்கலாம்?" என்பது. அக்கேள்வியிலிருந்து தொடங்குவதே முதல் தவறு. நூலகத்தில் எந்த வேலை கணினியால் எளிதாக வேண்டும் என்பதை முடிவு செய்த பிறகுதான், எந்தக் கருவி, எத்தனை என்ற கணக்குக்கு வர வேண்டும்.

பள்ளி நூலகத்தில் கணினிக்கு உள்ள வேலைகள் மூன்று வகையானவை. நூல் வழங்கும் மேசையில் பதிவு செய்யும் கணினிக்கு நம்பகமான சேமிப்பும் மின்தடையைத் தாங்கும் ஏற்பாடும் தேவை. மாணவர்கள் நூற்பட்டியலைத் தேடும் கணினி மிக எளிய, பழைய கருவியாக இருந்தாலும் போதும். கட்டுரை எழுதவும் மின்னூல் படிக்கவும் பயன்படும் கணினிக்கு நல்ல திரையும் தமிழ்த் தட்டச்சு வசதியும் வேண்டும். இவற்றைப் பிரித்துப் பார்க்காமல் ஒரே வகைக் கணினி ஐந்தை வாங்கினால், ஒன்றுக்குத் தேவைக்கு மேல் செலவாகும். இன்னொன்றுக்குத் தேவையானது கிடைக்காது. வாங்கியவற்றைப் பாதுகாப்புக் கருதி வேறொரு பூட்டிய அறையில் வைத்துவிடுவதும் இதே வகைத் தவறுதான். சீர்காழியில் பிறந்து இந்திய நூலகவியலுக்கு அடித்தளமிட்ட எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது. ஒரு நூல் இருக்கிறதா என்று அறிய மாணவி மாடியேறி, சாவி வைத்திருப்பவரைத் தேடி, அறையைத் திறந்து, பிறகு மீண்டும் அலமாரிக்கு வர வேண்டுமானால், நூற்பட்டியல் அட்டைகளை அடுக்கிய பழைய இழுப்பறைப் பெட்டியே மேலானது. தேடும் கணினி அலமாரிகளுக்கு அருகிலேயே இருக்க வேண்டும்.

விலைப்புள்ளிகளை ஒப்பிடும்போது செயலியின் பெயரையும் கடைசி வரியில் உள்ள தொகையையும் மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. நூலக வேலைக்கு மிக வேகமான செயலி தேவையில்லை. சுழலும் வட்டுச் சேமிப்பகத்துக்குப் பதிலாக, சில்லுகளால் ஆன வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டியும், 8 ஜிபி நினைவகமும் இருந்தாலே அன்றாட வேலை தடையின்றி நடக்கும். புதுப்பிக்கப்பட்ட பழைய கணினிகளை வாங்குவது தவறல்ல. ஆனால் அவற்றில் எந்த இயங்குதளம் ஓடும் என்று பார்க்காமல் வாங்குவது தவறு. விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 2025 அக்டோபர் 14 உடன் நிறுத்தப்பட்டன. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 பாதுகாப்புக் கூறு வேண்டும். இன்டெல் செயலியாக இருந்தால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தையதாக இருக்க வேண்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. அவற்றில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தலாம். அதற்கு உதவ ஊரில் ஒருவராவது இருக்கிறாரா என்பதை வாங்கும் முன்பே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

இனி, நான் மிக முக்கியமாகக் கருதும் தவறுக்கு வருகிறேன். கணினி ஐந்தாறு ஆண்டுகளில் பழுதாகும், வேறொன்று வாங்கிக்கொள்ளலாம். நூற்பட்டியல் அப்படியல்ல. மூவாயிரம் நூல்களின் தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம், பதிவு எண் ஆகியவற்றை ஒருவர் மாதக்கணக்கில் உட்கார்ந்து உள்ளிட்ட உழைப்பு அது. அந்த உழைப்பைத் தவறான எழுத்து முறையில் கொட்டிவிட்டால் மீட்பது கடினம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் பல நிறுவனங்களின் பழைய பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் உள்ளிடப்பட்டவை. அந்த எழுத்துருவில் திரையில் "தமிழ்" என்று தெரிவது, கணினியின் நினைவகத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். எழுத்துரு இல்லாத கணினிக்கு அந்தக் கோப்பை மாற்றினால் ஆங்கிலக் குவியல்தான் மிஞ்சும். அகர வரிசையில் அடுக்கவும் முடியாது. எனவே எந்த மென்பொருளை வாங்கினாலும், அது ஒருங்குறியில் (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து முறையில்) தமிழை ஏற்று, தேடி, வரிசைப்படுத்துகிறதா என்பதை விற்பனையாளர் சொல்லக் கேட்காமல், பத்து நூல்களை நாமே உள்ளிட்டுச் சோதித்துப் பார்க்க வேண்டும்.

ஒருங்குறியில் உள்ளிட்டாலும் கவனம் வேண்டிய இடங்கள் உண்டு. ஔவையார் என்ற பெயரின் முதல் எழுத்து ஒரே எழுத்து. பலர் அதை ஒகரத்தையும் ளகரத்தையும் சேர்த்துத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றாகவே தெரியும்; கணினிக்கு அவை வெவ்வேறு சொற்கள். ஒரு மாணவர் சரியாகத் தட்டச்சு செய்து தேடினால், அலமாரியில் இருக்கும் ஆத்திசூடி உரை "இல்லை" என்று வரும். "அவ்வையார்" என்று எழுதும் வழக்கமும் உண்டு என்பதால் சிக்கல் மும்மடங்காகிறது. ஆசிரியர் பெயர்களில் இன்னும் கூடுதல். மு. வ., மு. வரதராசன், டாக்டர் மு. வரதராசனார் என்று மூன்று நூல்களின் அட்டைகளில் மூன்று விதமாக இருப்பதை அப்படியே உள்ளிட்டால், ஒரே ஆசிரியர் பட்டியலில் மூவராகிவிடுவார். புதுமைப்பித்தனைச் சொ. விருத்தாசலம் என்று ஒருவரும் புனைபெயரில் இன்னொருவரும் உள்ளிட்டால் அவருடைய கதைகள் இரண்டு இடங்களில் சிதறும். ஆகவே, தட்டச்சைத் தொடங்கும் முன் ஒரு குறிப்பேட்டில் பெயர்களின் ஏற்புடைய வடிவத்தை எழுதி வைத்து, உள்ளிடுபவர் அனைவரும் அதையே பின்பற்றச் செய்ய வேண்டும். இதற்குப் பணம் தேவையில்லை, பொறுமை தேவை. இந்த வேலையைச் செய்யாமல் வாங்கிய எந்தத் தொழில்நுட்பமும் தேடுபவருக்கு நூலைக் காட்டாது. தட்டச்சு செய்பவர் எந்த விசைப்பலகைக்குப் பழகியவர் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தட்டச்சுப் பொறியில் பயின்றவரிடம் தமிழ்99 என்ற கணினி விசைப்பலகை முறையைத் திணிப்பதும், ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டும் ஒலிப்பு முறை மட்டுமே அறிந்தவரிடம் தட்டச்சுப் பொறி அமைப்பைக் கொடுப்பதும் பிழைகளைப் பெருக்கும். எந்த முறையில் தட்டினாலும் சேமிப்பது ஒருங்குறியாக இருந்தால் போதும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது, உள்ளே போகும் தரவு வெளியே வருமா என்று கேட்காமல் விடுவதும் பெரிய இழப்புக்கு வழி வகுக்கும். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில், மென்பொருளை எழுதிக் கொடுத்த சிறு நிறுவனம் தொழிலை விட்டு விலகிய பிறகு, பட்டியல் முழுவதும் வேறெந்த நிரலாலும் திறக்க முடியாத கோப்புகளில் சிக்கிக்கொண்டது. இருப்புப் பதிவேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டச்சு செய்தனர். நூலகங்களுக்கிடையே பதிவுகளைப் பரிமாறுவதற்கான மார்க் 21 வடிவிலோ, குறைந்தபட்சம் எந்த அட்டவணை நிரலும் திறக்கும் சிஎஸ்வி வடிவிலோ முழுப் பட்டியலையும் எந்த நேரத்திலும் எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும்.

எவரும் இலவசமாகப் பயன்படுத்தவும் மாற்றவும் கூடிய கட்டற்ற நூலக மென்பொருளான கோஹா இந்த விஷயத்தில் பாதுகாப்பானது. நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா பகுதி நூலகங்களின் பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டின் தேதி மாற்றத்தைத் தாங்காது என்று தெரிந்தபோது 1999-இல் உருவாக்கத் தொடங்கி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது அது. மாவோரி மொழியில் அப்பெயருக்குக் கொடை என்று பொருள். ஆயினும் கோஹாவை இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக எடுப்பதும் தவறாக முடியலாம். அதற்கு லினக்ஸில் இயங்கும் வழங்கிக் கணினியும் (சர்வர்), அதைப் பராமரிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். ஆயிரம் நூல்களும் நூலகப் பொறுப்பைக் கவனிக்கும் ஓர் ஆசிரியரும் மட்டுமே உள்ள பள்ளிக்கு, ஒழுங்காகத் தலைப்பிட்ட ஓர் அட்டவணைக் கோப்பே தொடக்கத்துக்குப் போதும்; பின்னர் அதைக் கோஹாவுக்கோ, தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய நூலக மென்பொருளான இ-கிரந்தாலயாவுக்கோ மாற்றிக்கொள்ளலாம். எதுவாயினும், வாரம் ஒருமுறை ஒரு பிரதி நூலகத்துக்கு வெளியே, வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

பார்வைக்குப் பெருமை தரும் கருவிகளில் பணத்தை முடக்குவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நூலிலும் மின்சில்லு ஒட்டும் ஆர்எஃப்ஐடி முறையும் வாசலில் நிற்கும் உணரிக் கதவும் பெரிய பல்கலைக்கழக நூலகங்களுக்குப் பொருந்தும். பள்ளிக்குப் பார்கோடு போதும். அதைப் படிக்கும் கருவி கணினிக்கு ஒரு விசைப்பலகையாகவே செயல்படுவதால் தனி மென்பொருள் தேவையில்லை; க்யூஆர் குறியையும் படிக்கும் இருபரிமாண வகையை வாங்கினால் பின்னாளில் உதவும். நூலில் அச்சிட்டிருக்கும் ஐஎஸ்பிஎன் (பன்னாட்டுத் தர நூல் எண்) பார்கோட்டையே நம்பித் திட்டமிடுவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். பழைய தமிழ் நூல்கள் பலவற்றில் ஐஎஸ்பிஎன் எண்ணே கிடையாது. ஒரே நூலின் ஐந்து படிகளுக்கும் அது ஒன்றாகவே இருக்கும் என்பதால், எந்தப் படி யாரிடம் சென்றது என்று அறிய முடியாது. பதிவு எண்ணிலிருந்து நாமே பார்கோடு உருவாக்கி ஒட்டுவதுதான் சரியான முறை. மை அச்சுப்பொறியில் அச்சிட்ட சீட்டுகள் வியர்வைக் கை பட்டாலே கலையும். லேசர் அச்சில் எடுத்து, மேலே ஒளிபுகும் ஒட்டு நாடா ஒட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பொறுத்தவரை, யுபிஎஸ் பெட்டியில் உள்ள விஏ (வோல்ட்-ஆம்பியர்) எண்ணை வாட் என்று எண்ணிக்கொள்வது வழக்கமான பிழை. 600 விஏ என்று எழுதிய சிறு யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்கே தாங்கும். லேசர் அச்சுப்பொறியை அதில் இணைக்கவே கூடாது. நிலமிணைப்பு (எர்த்) சரியாக உள்ளதா என்று மின்பணியாளர் ஒருவரைக் கொண்டு பார்த்த பிறகே கணினிகளைப் பொருத்த வேண்டும்.

இணையம் எப்போதும் இருக்கும் என்று நம்பி எல்லாவற்றையும் திட்டமிடுவதும் நம் ஊர்களுக்கு ஒத்து வராது. கிவிக்ஸ் என்ற இலவச நிரல் வழியாகத் தமிழ் விக்கிப்பீடியாவைப் பதிவிறக்கி வைத்தால், இணைப்பு அறுந்த நாளிலும் மாணவர்கள் அதைப் படிக்க முடியும்.

பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களை இந்தத் திட்டங்களில் யாரும் நினைத்துப் பார்க்காதது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. திரையில் உள்ளதைப் படித்துக் காட்டும் என்விடிஏ மென்பொருளை, பார்வையற்றவர்களான மைக்கேல் கர்ரனும் ஜேம்ஸ் டேயும் ஆஸ்திரேலியாவில் உருவாக்கினர். 2006-இல் தொடங்கிய அது இன்றும் இலவசம், தமிழையும் படிக்கும். ஒரு கணினியில் அதை நிறுவி, ஒரு தலையணி ஒலிப்பானும் வைப்பதற்குச் சில நூறு ரூபாய்க்கு மேல் ஆகாது. சக்கர நாற்காலி நுழையும் உயரத்தில் ஒரு மேசையாவது இருக்கட்டும்.

மொத்த நிதியையும் வாங்கும் நாளிலேயே செலவழித்துவிடுவது கடைசியாகக் கவனிக்க வேண்டிய தவறு. யுபிஎஸ் பேட்டரிக்கும் அச்சு மைக்கும் பழுதுநீக்கத்துக்கும் இரண்டாம் ஆண்டில் பணம் வேண்டும். விலைப்புள்ளி கேட்கும்போதே, உத்தரவாதக் காலத்தில் பணியாளர் பள்ளிக்கு வந்து சரிசெய்வாரா, நாம் கணினியை நகரத்துக்குச் சுமந்து செல்ல வேண்டுமா என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கணினிகளைக் கழிக்கும்போது எடைக்குப் போடாமல், 2022-ஆம் ஆண்டின் மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கு முன், மாணவர்களின் பெயர்களும் அவர்கள் எடுத்துப் படித்த நூல்களின் விவரமும் அந்தச் சேமிப்பகத்தில் மிஞ்சாதபடி முழுமையாக அழித்துவிட வேண்டும்.