இரண்டு பைக்கில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வண்டி நிற்கிறது, ஒன்று போதும் என்று தோன்றிவிட்டது. இந்தக் கட்டத்தில் பலரும் விற்பது சட்டென்று விலை போகிற வண்டியைத்தான். செல்ஃப் தொட்டதும் ஸ்டார்ட் ஆகும், டயரில் பட்டன் இருக்கும், காகிதங்கள் ஒழுங்காக இருக்கும், பார்க்க வந்தவர் அன்றைக்கே பணத்தை எடுப்பார். தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவரக்கூடியதும் அதே வண்டிதான் என்பது விற்ற பிறகுதான் உறைக்கும். ‘கொஞ்சம் வேலை பார்த்தால் சரியாகிவிடும்’ என்று ஓரமாக நிறுத்தி வைத்தது கையில் மிஞ்சும். வந்த பணம் அந்தக் கொஞ்ச வேலையிலேயே கரையும்.

எது அதிக விலைக்குப் போகும் என்பதைக் கடைசியில் கேட்டால் போதும். உங்கள் வாராந்திர ஓட்டத்துக்கு எது தாங்கும், அடுத்த இரண்டு ஆண்டில் எது எவ்வளவு செலவு வைக்கும் என்பவைதான் முதல் கேள்விகள்.

போட்ட பணத்தைக் கணக்கில் சேர்ப்பது

‘போன வருஷம்தான் இன்ஜின் வேலை பார்த்தேன், இதை எப்படி விற்பது?’ இந்தப் பேச்சு அடிக்கடி காதில் விழும். போட்ட பணம் போனதுதான். எந்த வண்டியை விற்றாலும் அது திரும்பாது. புது பிஸ்டன் ரிங், புது போர் (சிலிண்டரின் உட்சுவர்) போட்டதால் உங்களுக்கு மிச்சமாவது ஒன்று உண்டு: அடுத்த இரண்டு ஆண்டில் அந்த வேலை வராது. வரப்போகும் செலவை எழுதும்போது அந்த வரி காலியாக இருக்கும், அவ்வளவுதான். அதற்கு மேல் தனியாக அதற்கு மதிப்புக் கொடுத்தால் ஒரே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

ஒரு தாளை எடுத்து நடுவில் கோடு போடுங்கள். இரண்டு வண்டிக்கும் அடுத்த 24 மாதத்தில் வரக்கூடியவற்றை மட்டும் எழுதுங்கள்: டயர், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, பிரேக் பேட், ஃபோர்க் ஆயில் சீல், கூலன்ட், டேப்பெட் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளி) சரிபார்ப்பு, காப்பீடு. இதில் டேப்பெட் வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஸ்குரூ வகை டேப்பெட் என்றால் ஃபீலர் கேஜும் (இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகள்) ஸ்பேனரும் போதும், சீக்கிரமே முடிந்துவிடும். ஷிம் (சிறு தகடு) வைத்து இடைவெளியைச் சரிசெய்யும் வகை என்றால் இடைவெளியை மாற்றப் பெரும்பாலும் கேம் ஷாஃப்டையே கழற்ற வேண்டியிருக்கும், கூலி எங்கேயோ போகும். பெரிய இன்ஜின்கள் சிலவற்றில் 24,000 கி.மீ.க்கு ஒருமுறைதான் அந்த வேலை வரும். ஓடோமீட்டர் 22,500 காட்டுகிற வண்டியை ‘இப்போதைக்குச் செலவே இல்லை’ என்று வைத்துக்கொள்பவர் அதைத்தான் மறந்திருப்பார்.

ஓடோமீட்டரை மட்டும் நம்புவது

எட்டு வருடத்தில் 9,000 கி.மீ. ஓடிய வண்டி, நான்கு வருடத்தில் 40,000 கி.மீ. ஓடிய வண்டி. இரண்டில் குறைவாக ஓடியதைத்தான் கை தேடும். ஆனால் வண்டியில் பாதிச் சாமான்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதால் கெடுபவை. டயர் ரப்பர் இறுகும், பிரேக் ஹோஸில் வெடிப்பு விழும், ஃபோர்க் சீல் காய்ந்து கசியும். டாட் 4 பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி, சூடேறும்போது கொதித்து லீவரைத் தொளதொளவென்று ஆக்கும். அதனால்தான் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

டயரின் வயதை யாரிடமும் கேட்க வேண்டாம். பக்கச்சுவரில் டாட் (DOT) என்ற ஆங்கில எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது. ஒரு பக்கத்தில் முழு எண் இல்லையென்றால் மறுபக்கம் பாருங்கள். பட்டன் முழுதாக இருந்தாலும் ஆறேழு வயதான டயர் நனைந்த சாலையில் பிடிக்காது. தாளில் ஒரு ஜோடி டயரின் விலையை எழுதிவிடுங்கள்.

குறைந்த கிலோமீட்டர் எப்படி ஓடியது என்பதும் முக்கியம். தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் நிறுத்தப்படும் வண்டியில் ஆயில் முழுச் சூட்டுக்கு வராது. உள்ளே படியும் நீராவி வெளியேற வழியில்லாமல் ஆயிலோடு கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடிப்பக்கம் பாருங்கள். வெளிர் மஞ்சளாகக் குழம்பு மாதிரி ஒட்டியிருந்தால் அதன் அடையாளம். வண்டியை அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, ஆயிலை மாற்றிய பிறகும் திரும்ப வந்தால், தண்ணீரால் குளிரும் இன்ஜினில் ஹெட் கேஸ்கெட்டையும் வாட்டர் பம்ப் சீலையும் சந்தேகப்பட வேண்டும். இதே குட்டி ஓட்டத்தில் பேட்டரியும் முழுதாக ஏறாது, சைலன்சரும் உள்ளிருந்து துருப்பிடிக்கும்.

இன்ஜினைக் காதால் எடைபோடுவது

சத்தம் போடுகிற இன்ஜினை விற்றுவிட்டு அமைதியான இன்ஜினை வைத்துக்கொள்வதில் ஒரு பொறி இருக்கிறது. டேப்பெட் லேசாகத் தட்டினால் இடைவெளி கொஞ்சம் கூடியிருக்கிறது, சரிசெய்துவிடலாம். இடைவெளி குறைந்துபோன வால்வு சத்தமே போடாது. முழுதாக மூடாமல் சூட்டைச் சீட்டுக்குக் கடத்த முடியாமல் எக்ஸாஸ்ட் வால்வு கருகும் வரை அமைதியாகவே இருக்கும். சத்தம் போடுகிற டேப்பெட்டைவிடச் சத்தமே இல்லாத டேப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும் என்று மெக்கானிக்குகள் சொல்வதன் காரணம் இதுதான்.

சோதனையைக் குளிர்ந்த இன்ஜினில் தொடங்குங்கள். முதல் நாள் இரவே நிறுத்தி, காலையில் ஸ்டார்ட் செய்யும்போது சைலன்சர் பக்கம் ஒருவர் நிற்கட்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒரு வீச்சு நீலப் புகை வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க நீலமாக வந்தால் ரிங், போர் பக்கம். குளிர் காலையில் வரும் வெள்ளை ஆவி ஒன்றுமில்லை. இன்ஜின் சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளையாக வந்துகொண்டே இருந்தால் கூலன்ட் எரிகிறது.

அடுத்து கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம். இன்ஜினைச் சூடாக்கி நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, இக்னிஷனைத் துண்டித்து, இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, பிளக் துவாரத்தில் கம்ப்ரஷன் கேஜைத் திருகுங்கள். ஆக்சிலரேட்டரை முழுதாகத் திறந்து பிடித்தபடி, முள் மேலே ஏறுவது நிற்கும் வரை கிக்கரோ செல்ஃபோ அடியுங்கள். ஆக்சிலரேட்டரைத் திறக்காமல் அடித்து, ‘கம்ப்ரஷன் போச்சு’ என்று நல்ல வண்டியை அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்கள் உண்டு. எண் குறைவாக வந்தால் பிளக் துவாரத்தில் 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளங்கள். கணிசமாக ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. அசையாமல் நின்றால் வால்வு அல்லது கேஸ்கெட்.

இதில் நுட்பமான தவறு, இரண்டு வண்டியின் எண்ணையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. கம்ப்ரஷன் விகிதம் வண்டிக்கு வண்டி வேறு. எளிதாக ஸ்டார்ட் ஆவதற்காகக் கேமில் டீகம்ப்ரஷன் அமைப்பு (ஸ்டார்ட் செய்யும்போது அழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது) வைத்த சிங்கிள் சிலிண்டர் இன்ஜின்கள் ஆரோக்கியமாக இருந்தாலும் குறைவாகத்தான் காட்டும். ஒவ்வொன்றையும் அதனதன் சர்வீஸ் கையேட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

கிளட்ச்சுக்குக் கருவி எதுவும் வேண்டாம். காலியான சாலையில் மேல் கியரில், குறைந்த வேகத்தில் போகும்போது முழு ஆக்சிலரேட்டர் கொடுங்கள். வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் கத்தினால் பிளேட் முடிந்தது, அல்லது கேபிள் இறுக்கமாக இருக்கிறது. முதலில் கேபிளைப் பாருங்கள்.

இன்ஜினோடு நின்றுவிடுவது

இன்ஜின் நன்றாக இருக்கிறது என்பதற்காக வைத்துக்கொண்ட வண்டி மற்ற சாமான்களால் சீக்கிரமே செலவு வைக்கும். செயினைப் பின் ஸ்ப்ராக்கெட்டின் பின்முனையில் பிடித்து வெளியே இழுத்துப் பாருங்கள். பல்லில் பாதி தெரிந்தால் செட்டாக மாற்ற வேண்டியதுதான். இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் செயினை விறைப்பாக வைத்து 20 கண்ணி நீளத்தை, அதாவது முதல் பின் நடுவிலிருந்து 21ஆவது பின் நடுவரை, ஸ்கேல் வைத்து அளக்கலாம். 428, 520 என்பவை செயினின் அளவு எண்கள். 428 செயின் புதிதில் 254 மி.மீ., 520 செயின் 317.5 மி.மீ. முறையே 259, 323 மி.மீ. அளவை எட்டினால் அதன் காலம் முடிந்தது. ஒரே இடத்தில் அளந்து விட்டுவிடாதீர்கள். செயின் எல்லா இடத்திலும் ஒன்றுபோலத் தேய்வதில்லை.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன்சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்தி, ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் வரும்போது டக்கென்று ஒரு பள்ளத்தில் உட்கார்ந்தால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்) போய்விட்டது. அப்படியே ஹேண்டில் திரும்பி முட்டும் இடத்திலுள்ள ஸ்டாப்பரையும் பாருங்கள். அது நசுங்கியோ உடைந்தோ இருந்தால், பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் அந்த வண்டி எங்கோ பலமாக மோதியிருக்கிறது. உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே விழுந்த வண்டியாகக்கூட இருக்கலாம்.

பிரேக் டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும். வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். மின்சாரப் பக்கத்துக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் நிறுத்திய வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10க்குக் கீழே விழுந்தால் பேட்டரி தளர்ந்துவிட்டது. இன்ஜினை 4,000 ஆர்பிஎம் வரை ஏற்றினால் ஏறக்குறைய 13.5 முதல் 14.7 வரை வர வேண்டும். 15ஐத் தாண்டினால் சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது, புதுப் பேட்டரி போட்டாலும் அதையும் சமைத்துவிடும்.

உதிரியை மறப்பது

பழைய வண்டிக்குப் பேரிங், ஆயில் சீல், செயின், பிளக், கேபிள் எல்லாம் அளவு சொல்லி வாங்கிவிடலாம். 6301 பேரிங் எந்தக் கம்பெனியுடையதானாலும் 12 மி.மீ. உள்விட்டம், 37 மி.மீ. வெளிவிட்டம், 12 மி.மீ. தடிமன்தான். வண்டியை முடக்கிப்போடுவது அந்த மாடலுக்கென்றே செய்த சாமான்கள்: இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி), ஏபிஎஸ் மாட்யூல், வயரிங், மீட்டர், கார்புரேட்டர் டயஃப்ரம், பேனல்கள். இரண்டு வண்டிக்கும் இவற்றின் பாகம் எண்ணை எடுத்து, இன்றைக்குக் கிடைக்கிறதா, எத்தனை நாளில் வரும் என்று கேட்டுப் பாருங்கள். பதில் வராத வண்டியை ஆசைக்கு வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போக ஒரே வண்டியாக வைத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டும் ஒரே மாடல் என்றால் ஒன்றை உதிரிக்காக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். பெரும்பாலும் அது வேண்டாத வேலை. ஒன்றில் தேய்கிற சாமான் மற்றதிலும் தேய்ந்துதான் இருக்கும்.

அரைகுறையாக ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பது

ஒரு வண்டியில் டயர் காற்று குறைந்திருக்கும், இன்னொன்றில் செயின் தளர்ந்திருக்கும். அந்த நிலையில் ஓட்டிவிட்டு ‘இது இழுக்கிறது, அது இழுக்கவில்லை’ என்று தீர்ப்பு எழுதுவது நியாயமில்லை. இரண்டுக்கும் கையேட்டில் உள்ள காற்றழுத்தம், சரியான செயின் தொய்வு, சுத்தமான ஏர் ஃபில்டர் என்று சமமாக்குங்கள். பிறகு இரண்டு வாரம் ஒன்றை மட்டும், அடுத்த இரண்டு வாரம் மற்றதை மட்டும், அதே வழியில், அதே சுமையோடு, பின்னால் ஆள் உட்காருவதுண்டு என்றால் அவரையும் ஏற்றிக்கொண்டு ஓட்டுங்கள். டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பி மைலேஜ் எழுதுங்கள். நெரிசலில் மணிக்கட்டு வலிக்கிறதா, சரிவில் நிறுத்தினால் கால் ஊன்றுகிறதா, இறுக்கமான இடத்தில் பின்னால் தள்ள முடிகிறதா என்பதையும் எழுதுங்கள். சக்தி, வேகம் பற்றிய எண்கள் வாங்கும்போது கவர்பவை. தினசரி ஓட்டத்தில் உட்காரும் வாகும் வண்டியின் எடையும்தான் தெரியும்.

விற்கப்போகிற வண்டிக்குச் செலவழிப்பது

முடிவு செய்த பிறகு, விலை ஏறட்டும் என்று புது டயர், புது பெயின்ட், இன்ஜின் வேலை என்று இறங்குவார்கள். போட்ட தொகை விலையில் முழுதாக ஏறுவது அரிது. கழுவி, செயினைத் துடைத்து எண்ணெய் போட்டு, பல்பு, ஹாரன் வேலை செய்ய வைத்து, செல்ஃபுக்கு உயிருள்ள பேட்டரி போட்டால் போதும். நீங்கள் பிறகு மாட்டிய ஃபிட்டிங்குகளைக் கழற்றித் தனியாக விற்று, ஒரிஜினல் சைலன்சர், கண்ணாடி, ஹேண்டிலைத் திரும்ப மாட்டுங்கள். சத்தமான சைலன்சருக்கு நீங்கள் கொடுத்ததை வாங்குபவர் கொடுக்க மாட்டார். இன்னும் சொன்னால், அதைப் பார்த்தே வண்டியை முறுக்கி ஓட்டியிருப்பார் என்று குறைத்துக் கேட்பார். பார்க்க ஆள் வரும் நாளில் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காதீர்கள். விவரம் தெரிந்தவர் முதலில் இன்ஜினைத் தொட்டுத்தான் பார்ப்பார்.

‘நல்ல விலை வரட்டும்’ என்று மாதக்கணக்கில் நிறுத்துவதும் நஷ்டம்தான். பெட்ரோல் சில மாதத்தில் பழசாகி, கார்புரேட்டரின் பைலட் ஜெட் என்ற நுண்துளையில் பிசினாகப் படியும். நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றால் இரும்பு டேங்கை நிரப்பி வையுங்கள், காலி இடத்தில்தான் துரு பிடிக்கும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் பௌலை வடித்துவிடுங்கள். பேட்டரியின் நெகட்டிவ்வைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

ஓட்டிப் பார்க்கக் கேட்பவரிடம் உரிமத்தைப் பார்த்துவிட்டு, முழுத்தொகையையோ அவர் வந்த வண்டியையோ பிடித்துவைத்த பிறகு சாவி கொடுங்கள். விற்ற தாளில் தேதியோடு நேரத்தையும் ஓடோமீட்டர் எண்ணையும் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். பதிவில் பெயர் மாறும் வரை அந்த வண்டிமீது வரும் அபராதமும் விபத்து விவகாரமும் உங்கள் பெயரைத் தேடித்தான் வரும். பெயர் மாற்றத்தை வாங்கியவர் பொறுப்பில் விட்டுவிடாமல் அவரோடு சேர்ந்து முடித்துவிட்டு, அதன் பிறகு காப்பீட்டை நிறுத்துவதா மாற்றுவதா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள்.