வளைவைப் பார்த்ததும் காலம் சொல்லாதீர்கள்

திருமலை நாயக்கர் மஹாலின் முற்றத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். மொகலாயர் பாணி என்று ஒருவர் பிள்ளைகளுக்குச் சொல்வார். இல்லை, வெள்ளைக்காரர்கள் கட்டியது என்று பக்கத்தில் நிற்பவர் திருத்துவார். இரண்டுமே தவறு. வெள்ளைக்காரர்கள் கட்டவில்லை என்பது வாசலில் எழுதி வைத்திருக்கும் 1636 என்ற ஆண்டைப் பார்த்தாலே தெரியும். ஆனாலும் அந்தக் குழப்பம் தீர்வதில்லை. வளைவும் குவிமாடமும் எங்கே தென்பட்டாலும் வெளியூர்க் கட்டடம் என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

மதுரை நாயக்கர்கள் விஜயநகரத்தின் வழியில் வந்தவர்கள். விஜயநகரத்தார் கோயிலைக் கல்லில், தூணும் உத்தரமுமாகக் கட்டினார்கள். அரண்மனைக்கு வேறு இலக்கணம் வைத்திருந்தார்கள்: செங்கல், சுண்ணாம்பு, சுதை எனும் சுண்ணச்சாந்து வேலை, வளைவு, குவிமாடம். விஜயநகரத் தலைநகரான ஹம்பியின் தாமரை மஹாலையும் யானைக் கொட்டாரத்தையும் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். தக்காணத்துச் சுல்தான்களின் கட்டடங்களிலிருந்து கற்றுக்கொண்ட வேலை அது. அதே மரபுதான் மதுரைக்கும் வந்தது. இந்தோ சாரசெனிக் என்று நாம் அழைக்கும் ஆங்கிலேயர் காலத்துப் பாணி உருவானது இதற்கு இரு நூற்றாண்டுகளுக்கும் மேல் கழித்து. நேப்பியர் பிரபு சென்னை ஆளுநராக இருந்த 1866–72 காலத்தில் பாழடைந்து கிடந்த மஹாலைப் பழுதுபார்க்க ஏற்பாடு செய்தார். அந்தப் பணியில் ஈடுபட்ட ராபர்ட் சிஷோம்தான் சென்னையில் அந்த இந்தோ சாரசெனிக் பாணியில் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸை வடிவமைத்தவர். மஹால் சென்னைக் கட்டடங்களைப் போல இருக்கிறது என்று சொல்பவர்கள் எது முந்தியது என்பதையே புரட்டிப் போட்டுவிடுகிறார்கள்.

அடுத்த தவறு கோயிலில் நடக்கிறது. மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களைக் காட்டி "இரண்டாயிரம் ஆண்டுப் பழமை" என்று சொல்லாத வழிகாட்டி அரிது. தலத்தின் வயது வேறு, நம் கண்முன் நிற்கும் கட்டடத்தின் வயது வேறு. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டு. தெற்குக் கோபுரம் 16ஆம் நூற்றாண்டு. வடக்குக் கோபுரம் நெடுங்காலம் மேல்நிலைகள் முடியாமல் நின்றதால் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் பெற்றது. நாட்டுக்கோட்டை நகரத்தார் அதை நிறைவு செய்தது 19ஆம் நூற்றாண்டில். வண்ணங்களோ ஒவ்வொரு குடமுழுக்கின்போதும் புதுப்பிக்கப்படுபவை. ஆகவே வண்ணத்தையும் சுதைச் சிற்பத்தையும் வைத்துக் காலம் சொல்ல முயலாதீர்கள். கீழே கல்லால் ஆன நிலைகளைப் பாருங்கள்.

அங்கேயும் எல்லாக் கல்லும் ஒன்றுபோலப் பேசாது. என்னைக் கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது போதிகையைத்தான். தூணின் தலையில் அமர்ந்து உத்தரத்தைத் தாங்கும் அந்தக் கட்டை பலர் கண்ணில் படுவதே இல்லை. சிற்பத்தைப் பார்க்கிறோம், யாளியைப் பார்க்கிறோம், போதிகையை விட்டுவிடுகிறோம். பல்லவர் காலத்தில் அது அலை அலையாகச் சுருண்டிருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டப்பட்டு நடுவில் ஒரு துண்டு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நீட்சி பிற்காலத்தில் மெல்ல மொட்டாக மாறி, விஜயநகர, நாயக்கர் காலத்தில் வாழைப்பூவைப் போலத் தலைகீழாகத் தொங்கத் தொடங்குகிறது. மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே வாரத்தில் ஒரு பழைய பாண்டிநாட்டுக் கோயிலின் கருவறைச் சுவரைப் பாருங்கள்; வேறுபாடு மறக்காது. இதுவும் முடிந்த முடிவல்ல. பழைய தூண்களைப் பெயர்த்துப் புதிய மண்டபத்தில் வைத்த கோயில்கள் உண்டு. திருப்பரங்குன்றத்தில் நுழைவது நாயக்கர் காலத்து மண்டபத்தில். படி ஏறி ஏறிக் கடைசியில் போய் நிற்பது 8ஆம் நூற்றாண்டில் பாறையைக் குடைந்து செய்த கருவறையின் முன். அந்தக் கோயில் எந்தக் காலத்தது என்று ஒரே சொல்லில் கேட்டால் பதில் கிடையாது.

வீடுகளுக்கு வருவோம். இங்கேதான் எனக்கு ஆற்றாமை அதிகம். முற்றமும் மரத்தூணும் இருந்தால் உடனே "செட்டிநாட்டு வீடு" என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். செட்டிநாட்டு வீடு என்பது ஒரு தெருவில் வாசல் வைத்து அடுத்த தெருவில் பின்வாசல் முடிகிற நீளம், முகப்பு, முற்றத்தைச் சூழ்ந்த வளவு, இரண்டாம் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக விரியும் ஒழுங்கு, பர்மாத் தேக்கு. கடல்கடந்த வாணிபம் செழித்த 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சில பத்தாண்டுகளின் செல்வம் அது. மதுரை மாசி வீதிகளுக்குள் இருக்கும் பழைய வீடு அப்படியல்ல. இரண்டு பக்கமும் பொதுச்சுவர், ஒடுங்கிய முகம், திண்ணை, ரேழி எனும் நடைவழி, கூடம், வெளிச்சத்துக்கும் மழைக்கும் ஒரு சிறு முற்றம். நெருக்கமான நகரத்துக்காகப் பிறந்த வீடு அது. அதைச் செட்டிநாடு என்று அழைப்பது அதன் சொந்தப் பெயரைப் பிடுங்குவதாகும்.

தூண் ஏமாற்றும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இடிக்கப்பட்ட வீடுகளின் கதவும் நிலையும் தூணும் விலைக்குக் கிடைக்கின்றன. நேற்றுக் கட்டிய விடுதியில் நூறாண்டுத் தேக்குத் தூண் நிற்கலாம். ஆத்தங்குடிக் கல் இன்றும் கண்ணாடிமேல் வார்த்துக் கையால் செய்யப்படுகிறது; தரையை மட்டும் பார்த்து வயது கணிக்க முடியாது. மங்களூர் ஓட்டில் 1865 என்று இருந்தால் அது பாசல் மிஷன் என்ற கிறித்தவ சபையின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு, வீடு கட்டிய ஆண்டு அல்ல. கைப்பிடிச் சுவரில் சுதையில் எழுதிய ஆண்டுகூடப் பல வேளைகளில் முகப்பை மாற்றிய ஆண்டாகவே இருக்கும். பின்கட்டு அதைவிட மூத்ததாக இருக்கலாம்.

மாறாக, மறைந்திருப்பவை உண்மை சொல்லும். கூரையை உள்ளிருந்து பாருங்கள். மரச்சட்டத்தின்மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கிய 'மெட்ராஸ் ஒட்டு' கூரையா, இரும்பு உத்தரமான கர்டரா, கான்கிரீட்டா? கர்டரில் டாட்டா முத்திரை இருந்தால் அந்தக் கூரை 1912க்கு முந்தியதாக இருக்க முடியாது. டாட்டா ஆலையில் எஃகு உருகத் தொடங்கியதே அந்த ஆண்டில்தான். வளைந்த மூலை, சாளரத்தின்மேல் கோடு போல ஓடும் மெல்லிய கான்கிரீட் நிழற்பட்டை, படிப்படியாக உயரும் கைப்பிடிச் சுவர் ஆகியவை ஆர்ட் டெக்கோ என்ற மேலைநாட்டுப் பாணி. 1930களுக்குப் பின் வந்தவை. இவற்றைப் பழமை என்றே மதிக்காமல் இடித்துவிடுகிறோம்.

தெருவும் சாட்சி சொல்லும். மதுரையின் வெளி வீதிகள் இருக்கும் இடத்தில் முன்பு கோட்டையும் அகழியும் இருந்தன. கலெக்டர் பிளாக்பர்ன் 1840களை ஒட்டிக் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தார். மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் அந்தப் பணியில் இருந்தவர்களின் பெயரைத் தாங்குபவை. அந்த மண்ணில் எழுந்த வீட்டை நாயக்கர் காலத்து வீடு என்று யாராவது சொன்னால், அகழிக்குள்ளா வீடு கட்டினார்கள் என்று கேளுங்கள்.

முன்னால் இருக்கும் கடையும் கண்ணை மறைக்கும். மேலமாசி வீதியில், 1921இல் காந்தியடிகள் அரையாடைக்கு மாறிய வீட்டின் கீழ்த்தளத்தில் கதர்க் கடை நடக்கிறது. கடையை மட்டும் பார்த்துக் கடந்து போகிறவர்களே மிகுதி.

வீட்டுக்காரர்களிடம் "இது எப்போது கட்டியது?" என்று கேட்டால் "தாத்தா காலம்" என்பதுதான் பதிலாக வரும். கேள்வியை மாற்றிக் கேளுங்கள். மாடி எடுத்தது யார் கல்யாணத்துக்கு? முன்திண்ணையைக் கடையாக்கியது எந்தப் பிள்ளை பிறந்தபோது? முற்றத்துக்குக் கம்பி போட்டது யார் இருந்தபோது? அந்த வீட்டு ஆத்தா விரல் மடக்கிச் சொல்லத் தொடங்குவார். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு காலம் தனித்தனியாகக் கிடைக்கும்.