குடி உள்ள வீட்டில் நாம் செய்கிற தவறுகள்

பத்து வயதிலேயே நான் நன்றாகப் பொய் சொல்லப் பழகியிருந்தேன். அப்பா வேலை பார்த்த மில்லிலிருந்து போன் வரும். "அப்பாவுக்குக் காய்ச்சல் சார், நேத்து ராத்திரியிலேர்ந்து படுத்திருக்காரு" என்று சொல்வேன். பக்கத்தில் நிற்கும் அம்மா, போதும் வை என்று கண்ணைக் காட்டுவார்.

அம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை போனால் எங்களுக்கு எப்படிச் சோறு போடுவது என்ற பயம் அவருக்கு. குடி உள்ள வீடுகளில் நடக்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இப்படிப் பாசத்திலும் பயத்திலும் பிறப்பவைதான். அதனால்தான் அவை தவறு என்றே தெரிவதில்லை.

முதல் தவறு, மூடி மறைப்பது. மேஸ்திரியிடம் பொய், சொந்தக்காரர்களிடம் பொய், கடைக்காரரிடம் வாங்கிய கடனைச் சத்தமில்லாமல் அடைப்பது, வாந்தியைக் கழுவிவிட்டு மறுநாள் ஒன்றுமே நடக்காததுபோல் இட்லி வைப்பது. எங்கள் வீட்டில் மகளிர் குழுக் கடன் ஒன்று முழுக்க அப்பாவின் கைமாற்றை அடைக்கவே போயிற்று. குடிக்கிறவருக்குத் தன் குடியால் என்ன நேர்கிறது என்பது தெரிவதே இல்லை. வலி எல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்கு. விளைவு அவரைத் தொடாதவரை, சிகிச்சைக்கு வர அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?

அதற்காக ரோட்டில் விழுந்து கிடப்பவரை அப்படியே விட்டுவிட வேண்டும் என்று சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்றால் தூக்கத்தான் வேண்டும். பிள்ளைகளுக்கு அரிசியும் ஃபீஸும் கட்டுவதும் வேறு விஷயம், அது குடும்பத்துக்குச் செய்வது. அவர் வாங்கிய குடிக்கடனை நாம் அடைப்பதும், அவர் சொல்ல வேண்டிய பதிலை நாம் சொல்வதும்தான் தவறு.

நம் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைப்பதும் இந்த மறைப்பிலிருந்தே வருகிறது. டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுகிறவர்கள் இந்தியாவில் 5.7 கோடி பேர். அத்தனை பேரின் வீட்டிலும் யாரோ ஒருவர் போனை எடுத்துக் காய்ச்சல் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

சத்தியம், கயிறு, கல்யாணம்

பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவது, கோயிலுக்கோ தர்காவுக்கோ கூட்டிப்போய்க் கயிறு கட்டுவது எல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. நம்பிக்கையைப் பழிக்க எனக்கு மனமில்லை. கயிறு கட்டிய 41 நாள் அப்பா குடிக்கவில்லை, எங்களுக்கு அது திருவிழா. 42-ஆம் நாள் பழையபடி ஆனது. நாட்பட்ட குடி ஒரு நோய். மூளை அதற்கு ஏற்ப மாறிவிட்டிருக்கும். சர்க்கரை நோய்க்காரரிடம் சத்தியம் வாங்கினால் சர்க்கரை இறங்குமா? கயிறு கட்டுங்கள், அதோடு டாக்டரிடமும் கூட்டிப்போங்கள். சத்தியம் மட்டும் வேண்டாம். அது உடையும்போது, அப்பா என்னைவிடக் குடியைத்தான் பெரிதாக நினைக்கிறார் என்று பிள்ளை முடிவு கட்டிவிடும்.

"ஒரு கால்கட்டு போட்டா சரியாயிடுவான்" என்பதைப் பற்றி எனக்குக் கோபம் மட்டுமே இருக்கிறது. ஒரு பெண்ணின் வாழ்க்கையை எடுத்து மருந்து மாதிரி உரைத்துக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது.

உயிரையே எடுக்கும் தவறு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். தினமும் நிறையக் குடிக்கிறவரை, காலையில் எழுந்ததும் கை நடுங்கி, ஊற்றினால்தான் நடுக்கம் நிற்கிற நிலையில் இருப்பவரை, வீட்டில் பூட்டி வைத்து நிறுத்தக்கூடாது.

எனக்குப் பதினான்கு வயதில் சித்தப்பா அதைத்தான் செய்தார். "ரெண்டு நாள் ரூம்ல போட்டுப் பூட்டுங்க, தானா வழிக்கு வருவாரு." முதல் நாள் வியர்வை, நடுக்கம், தூக்கமில்லை. இரண்டாம் நாள் இரவு சுவரில் எறும்பு ஊர்கிறது என்று அப்பா சுவரைத் தட்டித் தட்டி விட்டுக்கொண்டிருந்தார். இறந்துபோன எங்கள் ஆத்தா வாசலில் நிற்பதாகச் சொன்னார். உடம்பு கொதித்தது. பேய் பிடித்திருக்கிறது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

அது பேய் இல்லை. மது மூளையை அமுக்கி வைக்கும். அந்த அமுக்கத்தை மீறி வேலை செய்ய மூளை தன் வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கும். மது திடீரென்று நின்றால் அந்த வேகத்துக்குத் தடை இல்லாமல் போகிறது. முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2-லிருந்து 4 நாட்களுக்குள் உளறலும் மாயத் தோற்றமும் காய்ச்சலும் வரலாம். கவனிக்காமல் விட்டால் இதில் உயிர் போகும். மருத்துவமனையில் இதற்கென்று மருந்து கொடுத்து, அளவைப் படிப்படியாகக் குறைத்து, பத்திரமாக வெளியே கொண்டுவருவார்கள்.

ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "குடிப்பாரா? கடைசியா எப்ப குடிச்சாரு?" என்று டாக்டர் கேட்டார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா, "எப்பவாவது விசேஷத்துக்கு" என்றார். நான்தான் சொன்னேன்: "தினமும் குடிப்பாரு டாக்டர். நிறுத்தி ரெண்டு நாள் ஆச்சு."

டாக்டரிடம் மறைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நீண்ட நாள் குடிப்பவர்களுக்கு உடம்பில் வைட்டமின் பி1 வற்றிப்போயிருக்கும். அந்த நிலையில் பி1 கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம், நினைவாற்றல் நிரந்தரமாகவே போய்விடலாம். "உடம்பு அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் போடுங்க" என்று நாம் கேட்டு வாங்கும் இடத்தில் இந்த ஒரு தகவல் டாக்டருக்குத் தெரிந்தாக வேண்டும். கால் முறிந்து ஆபரேஷனுக்குச் சேர்த்தாலும் அப்படியே. வார்டில் மூன்றாம் நாள் உளற ஆரம்பித்த பிறகு உண்மையைச் சொல்வதைவிட, சேர்க்கும்போதே சொல்லிவிடுங்கள்.

இதோடு சேர்ந்தது, தெரியாமல் மருந்து வைப்பது. "சாம்பாரில் கலந்து கொடுங்கள், அவருக்குத் தெரியவே தெரியாது" என்று பவுடர் விற்கிறார்கள். அதில் என்ன இருக்கிறது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது. டாக்டர்கள் எழுதும் டைசல்பிரம் மாத்திரையைச் சிலர் இப்படிக் கலக்கிறார்கள். அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் இறங்கும். இதயம் பலவீனமானவர் இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை உடம்பில் இருக்கும். தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் சாப்பிடுகிறவருக்குத்தான் அது மருந்து.

எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது

எங்காவது சேர்த்துவிட்டால் போதும் என்று தோன்றும் அளவுக்கு வீடு களைத்திருக்கும், புரிகிறது. ஆனால் அடித்துத் திருத்துகிற இடங்களும் இருக்கின்றன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் குடி, போதையால் வரும் மனநலப் பாதிப்புகளையும் சேர்த்தே பேசுகிறது. யாரையும் சங்கிலியில் கட்டக்கூடாது என்று தெளிவாகச் சொல்கிறது. பதிவுச் சான்றைக் கேளுங்கள். மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா, குடும்பத்தார் போய்ப் பார்க்கலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவிலேயே இதற்குச் சிகிச்சை உண்டு. தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய அமைப்பு நடத்தும் டிடிகே மருத்துவமனையில் குடிப்பவரோடு சேர்த்துக் குடும்பத்துக்கும் ஆலோசனை தருகிறார்கள். நல்ல மையத்துக்கு அதுதான் அடையாளம்.

சிகிச்சை முடிந்து வந்தவர் நான்கு மாதத்தில் மறுபடி குடித்தால், "எல்லாம் வேஸ்ட்" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிடுகிறோம். இந்த நோயில் சறுக்கல் சகஜம். அப்பா மூன்று முறை சறுக்கினார். அவமானப்படுத்தாமல் அதே டாக்டரிடம் உடனே கூட்டிப்போவதுதான் வேலை.

பையன் கஞ்சாவோ மாத்திரையோ பழகியிருக்கிறான் என்று தெரிந்தால் போலீஸ் பயத்தில் வெளியூர்ச் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கியவர், அரசு நடத்துகிற அல்லது அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து முழுமையாகச் சிகிச்சை எடுத்தால் வழக்கு நடவடிக்கையிலிருந்து பாதுகாப்பு பெற வழி இருக்கிறது. ஊர் மாற்றிவிட்டால் நோயும் அவனோடு பஸ் ஏறும்.

போதையில் இருப்பவரோடு வாதாடுவதும் வீண், பல வீடுகளில் ஆபத்தும்கூட. பேச வேண்டியதைக் காலையில் தெளிந்திருக்கும்போது பேசுங்கள். அப்புறம், அடிப்பதை "குடிச்சா அப்படித்தான், மத்தபடி நல்ல மனுஷன்" என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள். அடிக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டம் இருக்கிறது, 181 என்ற பெண்கள் உதவி எண் இருக்கிறது. குடிநோய்க்கான சிகிச்சையை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள்

எல்லார் கண்ணும் குடிப்பவர் மேலேயே இருக்கும். வரும்போது நடை எப்படி, கண் சிவந்திருக்கிறதா, சட்டைப்பையில் எவ்வளவு மிச்சம் என்று வீடே அவரைச் சுற்றும். மூலையில் இருக்கும் பிள்ளை கண்ணில் படாது. "போய் அப்பாவைக் கூட்டிட்டு வா" என்று கடைக்கு அனுப்புவோம். சோடா வாங்கிவரச் சொல்லும்போது அவர் கேட்கிறாரே என்று விட்டுவிடுவோம். "உங்கப்பன்கிட்ட நீ சொல்லு, நீ சொன்னா கேப்பாரு" என்போம். அவர் கேட்கவில்லை என்றால், தான் சரியாகச் சொல்லவில்லை என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். நான் மார்க் குறைவாக வாங்கியதால்தான் அப்பா குடிக்கிறார் என்று எட்டாவது வரை நம்பினேன். என் தங்கை ஒரு தோழியையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததில்லை.

பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். அதைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். தனியாக உட்கார வைத்து, "அப்பாவுக்கு ஒரு நோய் இருக்கு. அது உன்னால வரல. உன்னால சரிபண்ணவும் முடியாது. டாக்டர் பாத்துக்குவாங்க. நீ பயந்தா என்கிட்ட சொல்லு" என்று அதன் மொழியில் சொல்லுங்கள். ஒரு தடவை சொன்னால் நிற்காது, திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அமெரிக்காவில் 1951-ல் தொடங்கிய அல்-அனான் குழுக்கள் பெரியவர்களுக்கும் கிட்டத்தட்ட இதையேதான் சொல்கின்றன. சென்னை போன்ற நகரங்களில் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. அம்மா அப்படி ஒரு கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தது அப்பாவின் இரண்டாவது சறுக்கலுக்குப் பிறகு. முதல் நாள் திரும்பி வந்து, "அங்க எல்லாரும் நம்ம கதையத்தான் சொல்றாங்கடா" என்று அழுதார்.

போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு 14416, தமிழிலேயே பேசலாம். குழந்தைகளுக்கு 1098. குடிப்பவர் சம்மதிக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வீட்டில் இருப்பவரே இன்றைக்குக் கூப்பிடலாம்.