சென்னையில் கலைநடை: ஒரு கோட்டின் வழியே ஓவியக் கூடங்களைப் பார்க்கும் முறை

சென்னையில் பெரும்பாலான ஓவியக் கூடங்களில் நுழைவுக் கட்டணம் கிடையாது. படம் வாங்குபவர்கள் மட்டும்தான் உள்ளே வரலாம் என்ற விதியும் எங்கும் இல்லை. இருந்தும், கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழையப் பலரும் தயங்குகிறார்கள். உள்ளே போன பிறகு எதைப் பார்ப்பது, எவ்வளவு நேரம் நிற்பது, அங்கிருப்பவரிடம் பேச்சுக் கொடுக்கலாமா, புரியவில்லை என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லலாமா என்பதையெல்லாம் பள்ளியிலும் யாரும் சொல்லித் தருவதில்லை, வீட்டிலும் சொல்லித் தருவதில்லை. அப்படித் தயங்கி நிற்பவர்கள் ஒரு வார இறுதியில் செய்து பார்க்கக்கூடிய கலைநடை ஒன்றை, படிப்படியாக இங்கே விளக்குகிறேன்.

படி 1: பார்ப்பதற்கு ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள்

ஒரே நாளில் எத்தனை கூடங்களைப் பார்த்து முடிக்கலாம் என்று கணக்குப் போடுவதை விட்டுவிடுங்கள். மூன்றாவது கூடத்துக்குப் போகும்போதே கண் களைத்துவிடும். எந்தப் படத்தை எங்கே பார்த்தோம் என்பதும் குழம்பிவிடும். அதற்குப் பதிலாக ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு புறப்பட்டால், அறிமுகமே இல்லாத படத்திலும் தேடுவதற்கு ஏதோ ஒன்று இருக்கும். சென்னையைப் பொறுத்தவரை, அந்தக் கேள்வி படத்தில் ஓடும் கோடு பற்றியதாக இருப்பதே பொருத்தம் என்பேன்.

காரணம் இதுதான். 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளிதான் இன்று பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலையில் அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கிறது. இந்தக் கல்லூரியைச் சுற்றி 1950-களிலும் 60-களிலும் உருவான ஓவியர்களையும் சிற்பிகளையும் 'மெட்ராஸ் கலை இயக்கம்' என்று ஒரே பெயரில் குறிப்பிடுவது வழக்கம். ஐரோப்பிய நவீன ஓவியத்தை நன்கு அறிந்திருந்த இவர்கள், கோயில் சிற்பம், கைவினை, எழுத்து, கோலம், ஜாதகக் கட்டம் என நம் ஊரில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த வடிவங்களிலிருந்து தங்கள் மொழியை உருவாக்க முயன்றார்கள். அந்த முயற்சியில் வண்ணத்தைவிடக் கோடுதான் முன்னால் நின்றது. தமிழ்ச் சிற்றிதழ்களைப் புரட்டிய பழக்கம் உள்ளவர்களுக்கு கே.எம். ஆதிமூலம், டிராட்ஸ்கி மருது ஆகியோரின் கோட்டோவியங்கள் முன்பே அறிமுகமாகியிருக்கும். அவர்கள் இந்த நடையை வெறுங்கையோடு தொடங்கப் போவதில்லை.

படி 2: நாளையும் நிகழ்ச்சியையும் உறுதி செய்துகொள்ளுங்கள்

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்ற கலை, கைவினை அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. தனியார் கூடங்கள் பல ஞாயிற்றுக்கிழமையில் மூடியிருக்கும். இவற்றைக் கழித்துப் பார்த்தால் நகருக்குள் நடப்பதற்குச் சனிக்கிழமையும், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் செல்வதற்கு ஞாயிற்றுக்கிழமையும் ஏற்றவை. மாதங்களில் டிசம்பர் முதல் மார்ச் வரை உள்ள காலம் நல்லது. வெயில் குறைவு என்பது ஒரு காரணம்; கண்காட்சிகள் கூடுதலாக நடப்பது இன்னொரு காரணம். 2016-இல் முதன்முதலாக நடந்த சென்னை ஃபோட்டோ பியெனாலே என்ற புகைப்படக் கலை விழா போன்ற பெரிய நிகழ்வு நடக்கும் ஆண்டாக இருந்தால், வழக்கமாகக் கலைக்கூடமாக இல்லாத கட்டடங்களுக்குள்ளும் படங்களைப் பார்க்க முடியும். 2019-இல் அதன் இரண்டாம் பதிப்புக்காகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லம் திறந்துவிடப்பட்டது.

நடப்புக் கண்காட்சிகளின் விவரத்தைக் கூடங்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களிலேயே தெரிந்துகொள்ளலாம். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி, நுங்கம்பாக்கத்தில் உள்ள பிரெஞ்சு பண்பாட்டு மையமான அலியான்ஸ் பிரான்சேஸ், அப்பாராவ் கேலரீஸ், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல் ஓவியர் கிராமம் ஆகிய நான்கைப் பின்தொடர்ந்தாலே தொடக்கத்துக்குப் போதும். புறப்படும் முன் ஒரு முறை தொலைபேசியில் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு கண்காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில் சுவர்கள் காலியாக இருக்கும். சுவரொட்டி மட்டும் வாசலில் அப்படியே தொங்கும்.

படி 3: எழும்பூரில் வெண்கலச் சிலைகளிலிருந்து தொடங்குங்கள்

நவீன ஓவியம் பார்க்கக் கிளம்பியவர் சோழர் காலச் சிலைகளிடம் ஏன் போக வேண்டும் என்று தோன்றலாம். கோடுகளைப் பார்க்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் இல்லை என்பதுதான் பதில். எழும்பூர் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால், 1851-இல் தொடங்கப்பட்ட இந்த அருங்காட்சியகம் பாந்தியன் சாலையில் இருக்கிறது. வளாகம் மிகப் பெரியது. எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு நேராக வெண்கலக் கூடத்துக்குச் செல்லுங்கள்.

அங்கே திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன் நில்லுங்கள். பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த இந்தச் சிலைக்கு மூன்று கைகள்: சிவனுக்குரிய வலப்பக்கத்தில் இரண்டு, உமைக்குரிய இடப்பக்கத்தில் ஒன்று. முதலில் முகத்தைப் பார்க்காதீர்கள். தோளிலிருந்து தொடங்கி, வலப்பக்கத்து வெளிவிளிம்பைக் கண்ணால் மட்டும் தொட்டுக்கொண்டு பாதம் வரை இறங்குங்கள். பிறகு இடப்பக்கத்திலும் அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் ஏறத்தாழ நேராக இறங்குவதையும், மறுபக்கம் இடையில் உள்வாங்கி இடுப்பில் வெளியே விரிவதையும் காண்பீர்கள். நகையையும் ஆடையையும் நீக்கிவிட்டாலும் எது ஆண்பாதி, எது பெண்பாதி என்பதை அந்த இரண்டு விளிம்புகளே சொல்லிவிடும். இப்படி விளிம்பை மட்டும் பின்தொடர்ந்து பார்க்கும் பயிற்சிதான் நாள் முழுவதும் உங்களுக்குத் துணையாக வரப் போகிறது.

இங்கே ஒரு மணி நேரம் போதும். அதற்கு மேல் தங்கினால் அடுத்த இடத்துக்குத் தேவையான கவனம் மிஞ்சாது.

படி 4: கிரீம்ஸ் சாலையில் விவரச் சீட்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

லலித் கலா அகாதெமியின் சென்னை வட்டார மையத்துக்கு ஆயிரம் விளக்கு மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். இங்குள்ள கூடங்களில் தனிநபர் கண்காட்சிகளும் குழுக் கண்காட்சிகளும் மாறி மாறி நடக்கும். பதிப்போவியம், சுடுமண், சிற்பம் ஆகியவற்றுக்கான பணிக்கூடங்களும் இதே வளாகத்தில் உள்ளன என்பதால், படம் தொங்கும் இடத்துக்கும் படம் உருவாகும் இடத்துக்கும் இடையே இங்கே சில அடிகள்தான் தூரம்.

ஒவ்வொரு படத்தின் அருகிலும் ஒரு சிறு சீட்டு இருக்கும். அதில் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவை அச்சிடப்பட்டிருக்கும். அளவைக் குறிக்கும்போது உயரத்தை முதலிலும் அகலத்தை அடுத்தும் எழுதுவதே பொதுவான வழக்கம். சீட்டின் அருகில் சிவப்புப் பொட்டு ஒட்டியிருந்தால் அந்தப் படம் விற்றுவிட்டது என்று பொருள். படத்தின் பெயருக்கு ஆரம்பத்தில் அதிக மதிப்புக் கொடுக்க வேண்டாம். 'தலைப்பிடப்படாதது' என்று எழுதியிருந்தால் அதில் மறைபொருள் எதுவும் இல்லை. உண்மையில் பயன்படும் தகவல் ஊடகம்தான். அக்ரிலிக் விரைவில் காயும், எண்ணெய் வண்ணம் மெதுவாகக் காயும். நீர்வண்ணத்தில் ஒருமுறை வைத்த தீற்றலை மறைப்பது கடினம். இவை தெரிந்தால், ஓவியர் எங்கே நிதானமாக இருந்தார், எங்கே துணிந்து கை வைத்தார் என்று ஊகிக்க முடியும்.

பதிப்போவியங்களைச் சற்றுக் கூடுதல் நேரம் பாருங்கள். பதிப்போவிய வகைகளில் ஒன்றான எச்சிங் முறையில், மெழுகு போன்ற பூச்சு பூசிய செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறி, அதை அமிலத்தில் வைக்கிறார்கள். கீறிய இடத்தை மட்டும் அமிலம் அரிக்கிறது. அந்தப் பள்ளங்களில் மையை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து அழுத்து இயந்திரத்தில் செலுத்தினால் படம் தாளில் ஏறுகிறது. தாளைச் சற்றுச் சாய்வாகப் பார்த்தால் தகட்டின் ஓரம் பதிந்த தடம், படத்தைச் சுற்றி ஒரு மெல்லிய பள்ளமாகத் தெரியும். அதற்குக் கீழே பென்சிலால் 3/25 என்பதுபோல எழுதியிருப்பார்கள்: மொத்தம் இருபத்தைந்து பிரதிகளில் இது மூன்றாவது என்று அதற்குப் பொருள். கடையில் வாங்கும் அச்சுப் படத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இந்தத் தடத்திலும், இந்த எண்ணிலும், மையின் மேடு பள்ளத்திலும்தான் இருக்கிறது.

படி 5: முதலில் ஒரு சுற்று, பிறகு மூன்று படங்கள்

கூடத்துக்குள் நுழைந்ததும் எதன் முன்பும் நிற்காமல் ஒரு முழுச் சுற்று நடந்துவிடுங்கள். எந்தப் படங்கள் உங்களைத் திரும்பிப் பார்க்க வைத்தன என்று கவனியுங்கள். இரண்டாவது சுற்றில் அவற்றில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் முன்பும் ஐந்து நிமிடம் நில்லுங்கள். ஐந்து நிமிடம் என்பது சொல்லும்போது எளிது, நிற்கும்போதுதான் அதன் நீளம் தெரியும். முதலில் தள்ளி நின்று முழுப்படத்தையும் பாருங்கள். அடுத்து, கை நீட்டினால் தொடும் தூரத்துக்கு வந்து, தொடாமல், கோடு எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது, எங்கே அறுந்து மீண்டும் தொடங்குகிறது என்று பாருங்கள். மீண்டும் பின்னால் செல்லுங்கள்.

மூன்றில் ஒன்று உங்களுக்குப் பிடிக்காத படமாக இருக்கட்டும். பிடித்த படத்தைப் பற்றி 'நன்றாக இருக்கிறது' என்பதற்கு மேல் சொல்வது சிரமம். பிடிக்காத படத்துக்கோ காரணம் தேட வேண்டியிருக்கும், அந்தத் தேடலில் கண் கூர்மையாகும். கைபேசியில் படம் எடுப்பதானால் அனுமதி கேட்டு, ஃபிளாஷ் இல்லாமல், பார்த்து முடித்த பிறகு எடுங்கள்.

படி 6: பேசுங்கள்

தனிநபர் கண்காட்சிகளில் ஓவியர் பெரும்பாலும் அங்கேயேதான் உட்கார்ந்திருப்பார். 'இதற்கு என்ன அர்த்தம்?' என்ற கேள்வியைத் தவிர்த்துவிடுங்கள். ஓவியர்கள் அலுத்துப்போன கேள்வி அது. 'இதில் எதை முதலில் வரைந்தீர்கள்?', 'இந்த இடத்தை ஏன் காலியாக விட்டீர்கள்?' என்று செய்முறையைப் பற்றிக் கேட்டால், கூச்ச சுபாவம் உள்ளவர்கூட நாற்காலியை விட்டு எழுந்து வந்து படத்தின் அருகில் நின்று விளக்குவார். வயதில் மூத்தவரானால் 'சார்' அல்லது 'ஐயா' என்றும், பெண் கலைஞரானால் 'மேடம்' என்றும் அழைப்பது இந்தக் கூடங்களில் இயல்பான வழக்கம். புரியவில்லை என்று சொல்வதில் குறைவு எதுவும் இல்லை. எந்த இடத்தில் புரியவில்லை என்று சுட்டிக்காட்டுவதுதான் முக்கியம்.

தொடக்க விழாக்களைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அன்றைக்குத் தேநீரும் கூட்டமும் இருக்கும், ஓவியர்களைச் சந்திக்கலாம், ஆனால் படங்களைப் பார்க்க முடியாது. எல்லோருடைய முதுகும்தான் தெரியும். இரண்டு நாள் கழித்து ஒரு பிற்பகலில் போனால் கூடமே உங்களுடையது.

படி 7: மறுநாள் சோழமண்டலுக்குச் செல்லுங்கள்

திருவான்மியூரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் செல்லும் பேருந்துகளில் ஏறினால் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம் வரும். அரசு கலைக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரின் வழிகாட்டுதலில் 1966-இல் இது உருவானது. ஓவியம் விற்று வாழ முடியாத காலம் அது. எனவே இளம் ஓவியர்கள் பாட்டிக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்த வருமானத்தில் கடலோர நிலத்தை வாங்கிக் குடியேறினார்கள். அரசு மானியமோ செல்வந்தரின் கொடையோ இல்லாமல், கைவேலை ஓவியத்தைத் தாங்கிப் பிடித்த அந்த ஏற்பாடுதான் இந்தக் கிராமத்தின் மிகச் சுவையான பகுதி என்று எனக்குத் தோன்றும்.

அங்குள்ள மெட்ராஸ் கலை இயக்க அருங்காட்சியகம் சிறியது. அவசரமே இல்லாமல் பார்க்கலாம். நால்வரின் படைப்புகளைத் தேடிப் பாருங்கள். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படங்களை முதலில் பார்த்தால் யாரோ எழுதிய ஓலைச்சுவடி என்றே தோன்றும்: கட்டங்கள், எண்கள், மலையாள எழுத்தின் சாயலில் வரிவரியான கிறுக்கல்கள். படிக்க முயலாதீர்கள், படிக்க முடியாது. எழுத்தின் பொருளைக் கழித்துவிட்டு அதன் கோட்டை மட்டும் வைத்துக்கொள்வதே அவருடைய நோக்கம். அடுத்து கே. ராமானுஜம்: 1973-இல், முப்பத்துமூன்று வயதைத் தாண்டாமல் இறந்துபோனவர். பேனா மையில் அவர் வரைந்த கனவு நகரங்களில் மாடங்களும் பாம்புகளும் பறவைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து, விரற்கடை இடத்தைக்கூடக் காலியாக விடாமல் நிறைந்திருக்கும். மூன்றாவதாக, உலோகத் தகட்டைத் தட்டி, கம்பிகளைப் பற்றவைத்து பி.வி. ஜானகிராமும் எஸ். நந்தகோபாலும் செய்த சிற்பங்கள். இவற்றைச் சுற்றி வந்து பார்க்க வேண்டியதில்லை, கருவறைச் சிலையைப் போல நேர் முகமாகவே பார்க்க வேண்டும். எழும்பூரில் பார்த்த விளிம்புக் கோடு, இங்கே செம்புக் கம்பியாகத் தகட்டின் மேல் ஓடுவதைக் காண்பீர்கள்.

வளாகத்தில் வீடுகளும் இருக்கின்றன; அவை குடியிருப்புகள், காட்சிப் பொருள்கள் அல்ல. திறந்தவெளிச் சிற்பங்களைப் பார்க்கத் தடையில்லை. நேரம் மிஞ்சினால் இன்னும் தெற்கே, 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவின் கலைக்கூடத்தையும் எட்டிப் பார்க்கலாம். ஆனால் அதற்கே தனியாக ஒரு நாள் ஒதுக்குவது நியாயம்.

படி 8: வாங்க விரும்பினால்

விலைப்பட்டியல் மேசையில் இருக்கும், கேட்டால் தருவார்கள். விலையைப் பார்த்துவிட்டு நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதன்முறை வாங்குபவர்கள் பெரிய கேன்வாஸை விடச் சிறிய பதிப்போவியம் அல்லது தாளில் வரைந்த கோட்டோவியத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. பல பிரதிகள் இருப்பதால் பதிப்போவியத்தின் விலை குறைவாக இருக்கும். கல்லூரி மாணவர்களின் கண்காட்சிகளில் இன்னும் குறைவு. படைப்பின் பெயர், ஊடகம், அளவு, ஆண்டு ஆகியவற்றுடன் கலைஞர் கையொப்பமிட்ட சான்றையும் பணம் செலுத்திய ரசீதையும் மறக்காமல் பெற்றுக்கொள்ளுங்கள்.

சட்டம் போடக் கொடுக்கும்போது, படத்தை அட்டையில் பசை போட்டு ஒட்டக் கூடாது என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அமிலமற்ற மவுண்ட் அட்டை வேண்டும் என்று கேளுங்கள். கண்ணாடி தாளின் மேல் நேரடியாகப் படக்கூடாது. சென்னையின் ஈரக்காற்றில், கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட தாளில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். குளியலறையோடு சேர்ந்த சுவரையும், வெயில் நேராக விழும் சுவரையும் தவிர்த்து வேறு எந்தச் சுவரிலும் மாட்டலாம்.