ராப் பாடுகிறவர் நடிக்கப் போகுமுன்: வரி, வம்பு, வசனம்

சிங்கப்பூரில் ராப்பில் பெயர் வாங்கியவர் நடிக்க வந்தால் பாதிக் கிணறு தாண்டியாச்சு என்று நினைப்பது சகஜம். குரல் இருக்கிறது, கூச்சம் போய்விட்டது, கேமரா பழகிவிட்டது. ஆனால் குறிப்பிட்ட சொல்லைக் குறிப்பிட்ட தாளத்தில் தவறாமல் அடிக்கும் பழக்கம்தான் மேடையில் அவரைத் தூக்கிவிடுகிறது, வசனம் பேசும்போது காலை வாரிவிடுவதும் அதேதான். அதனால் வரியிலிருந்தே தொடங்கவேண்டும்.

வரி கட்டுவது

நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பீட் (பாட்டுக்குப் பின்னால் ஓடும் தாள இசை) ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பாருக்கு, அதாவது ஒரு தாளச் சுற்றுக்கு, 4 தட்டு, தட்டுக்கு 4 இடம், ஆக 16 இடம். ஒரு பார் ஓட ஏறக்குறைய 2.7 வினாடி; 16 பார் கொண்ட ஒரு வெர்ஸ் (பாட்டின் ஒரு பத்தி) 43 வினாடிக்குள் முடிந்துவிடும். எழுதிய வரியை அசை அசையாகப் (யாப்பிலக்கண அசை இல்லை, ஓர் உயிரொலிக்கு ஓர் அசை) பிரித்து இந்த 16 கட்டத்தில் பென்சிலால் நிரப்பிப் பாருங்கள். வாய் தடுக்குகிற இடம் தாளிலேயே தெரிந்துவிடும். தேக்கா சந்தையை வைத்து ஓர் எடுத்துக்காட்டு:

தேக்கா மார்க்கெட் வாசல், காக்கா கூட எனக்கு பழக்கம்
பாக்காம போறவன் கேக்காமலே தருவான் விளக்கம்

இரண்டு வரியிலும் சரியாக 16 அசை. கணக்குச் சரி, ஆனால் பாட முடியாது. மூச்சு விட ஓர் இடம்கூட இல்லை. முதல் வரியில் 'கூட' வேண்டாம், எடுத்துவிடுங்கள். இரண்டாவதில் 'கேக்காம' போதும், 'லே' தேவையில்லை. 'தருவான்' பேச்சில் 'தர்வான்' என்றுதான் வரும், அப்படியே பாடுங்கள். இப்போது இரண்டும் 14. 'காக்கா', 'கேக்காம' இரண்டும் ஏழாவது இடத்தில் தாளத்தை மீறித் துள்ளும். 'பழக்கம்', 'விளக்கம்' இரண்டின் நடு அசையும் பதின்மூன்றில், அதாவது நான்காவது தட்டில், நேராக விழும். கடைசி இரண்டு இடம் மூச்சுக்கு. மூன்றில் ஒரு பங்கு வினாடிதான், பழகிய வாய்க்கு அது போதும்.

இங்கே வேலை செய்வது பெரும்பாலும் எதுகை: தேக்கா, காக்கா, பாக்காம, கேக்காம. தமிழில் வினைச்சொல் கடைசியில் வருவதால் வந்தேன், நின்னேன், சொன்னேன் என்று இயைபு சும்மாவே கிடைக்கும். சும்மா கிடைப்பதற்குக் கேட்பவரிடம் மதிப்பு இல்லை. நாலு வரிக்குப் பிறகு காது சலித்துவிடும். வரிக் கடைசியில் பெயர்ச்சொல்லை நிறுத்துங்கள், எதுகையை வரிக்கு நடுவே புதைத்து வையுங்கள். க்க, ட்ட, த்த, ப்ப என்று வல்லினம் இரட்டிக்கும் சொற்கள் தாளக்கருவி மாதிரி வெடிக்கும். அவற்றைத் தட்டில் வையுங்கள். ன, ம, ல வரும் மெல்லிய சொற்களைத் தட்டுக்கு இடையில் விடுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலக்கலாம், சிங்கப்பூர் ராப்பர் யங் ராஜா அந்தக் கலவையில்தான் பெயர் வாங்கினார். ஆனால் தமிழ்ச் சொல் வாயில் வராததால் ஆங்கிலத்துக்குத் தாவினால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

வம்பு எங்கே வரும்

கெட்ட வார்த்தையால் வரும் தொல்லை சிறியது. வானொலியில் போடமாட்டார்கள், அவ்வளவுதான். சுத்தமான பிரதி ஒன்றையும் அதே நாளில் பதிவுசெய்துவிட்டால் தீர்ந்தது. பெரிய தொல்லை இனம், சமயம் பற்றிய வரியில் இருக்கிறது. இனங்களுக்கு இடையே பகைமை வளர்க்கும் செயலுக்குச் சிறை விதிக்கச் சிங்கப்பூர்ச் சட்டம் இடம் தருகிறது. 2019ல் ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் முகத்துக்குக் கறுப்பு பூசி இந்தியர் வேடம் போட்டதைக் கண்டித்து ராப் வீடியோ வெளியிட்ட சிங்கப்பூர் ராப்பர் சுபாஸ் நாயருக்கு முதலில் நிபந்தனை எச்சரிக்கைதான் கிடைத்தது. அதன்பிறகு சமூக ஊடகத்தில் எழுதியதும் மேடையில் காட்டியதும் சேர்ந்து வழக்கானது. 2023ல் 6 வாரச் சிறை விதிக்கப்பட்டது. அந்தத் தண்டனை சரியா தவறா என்று வாதாட இடமுண்டு. எழுதுகிறவர் கவனிக்கவேண்டியது வேறு: பாட்டோடு போடும் தலைப்பு வரி, பதிலடிக் கருத்து, மேடைத் திரையில் ஓடவிடும் வாசகம் எல்லாமே கணக்கில் வரும். வெர்ஸைப் பத்து முறை திருத்துகிறவர் இதையெல்லாம் நடுராத்திரி கோபத்தில் தட்டிவிடுகிறார்.

அதனால் யாரைத் திட்டுகிறோம் என்பதை வரிக்கு வரி பாருங்கள். செயலைத் திட்டினால் வரி நிற்கும். ஓர் இனத்தின் பெயர் எழுவாயாக வந்தால் அந்த வரியை மாற்றுங்கள். பெரும்பாலும் வரி கூர்மையாகத்தான் ஆகும். தனிமனிதர் பெயர், தொலைபேசி எண், புளோக் (அடுக்குமாடிக் கட்டட) எண் எதுவும் வேண்டாம். துன்புறுத்தலிலிருந்து பாதுகாப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது. வெளியிடுமுன் அந்த வரி குறிவைக்கும் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள். நண்பர் கூட்டத்தில் கேட்டால் எல்லாருமே கைதட்டுவார்கள்.

பழைய பாட்டுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடிகர் தேர்வு செய்பவர் முதல் வேலையாக உங்கள் பெயரை இணையத்தில் தேடுவார். சத்தமில்லாமல் நீக்கிவிட்டால் யாரோ எடுத்துவைத்த பிரதி மட்டும் மிஞ்சும், விளக்கம் சொல்ல உங்கள் பக்கம் எதுவும் இருக்காது. எந்தப் பாட்டில் என்ன பிரச்சினை, இப்போது உங்கள் நிலை என்ன என்பதைத் தயாரிப்பாளரிடம் நீங்களே முந்திச் சொல்லுங்கள். கடுமையான வரிகள் நடிப்புக்குத் தடையென்று இல்லை. காவல்துறையைத் திட்டிய பாட்டுகளால் அமெரிக்காவையே அதிரவைத்த ஐஸ் கியூப் 1991லேயே படத்தில் நடித்துப் பாராட்டு வாங்கினார்.

கேமரா முன்னால்

அமெரிக்க ராப்பர் டூபாக் ஷகூர் 1992ல் முதல் பெரிய வேடத்தில் திரைக்கு வந்தபோது திடீரென்று வந்தவர் மாதிரி தெரிந்தது. அவர் பள்ளி வயதிலேயே பால்டிமோர் கலைப்பள்ளியில் நடிப்பு படித்தவர். ஹிப்ஹாப் தமிழா ஆதி 2017ல் தன் வாழ்க்கையை ஒட்டிய கதையைத் தானே இயக்கி நாயகனானார். தன் பேச்சு நடைக்குத் தோதான பாத்திரத்தில் தொடங்குவது புத்திசாலித்தனமான வழி. இரண்டும் இல்லாதவருக்குக் கீழே சொல்லும் பயிற்சி.

ராப் பாடுகிறவரின் முதல் கோளாறு, வரியின் கடைசிச் சொல்லைத் தூக்கி அடிப்பது. வசனத்தில் கடைசிச் சொல் வினை, அங்கே அழுத்தம் விழுந்தால் எல்லா வாக்கியமும் சண்டை போடுவதுபோல் ஒலிக்கும். 'நான் நேத்தே உன்கிட்ட சொன்னேன்' என்பதைப் பேசிப் பாருங்கள். 'நேத்தே'யில் அழுத்தினால் சலிப்பு, 'உன்கிட்ட'வில் அழுத்தினால் குற்றச்சாட்டு, 'நான்' என்பதில் அழுத்தினால் பெருமை. 'சொன்னேன்' மட்டும் வெடித்தால் அங்கே ஆள் இல்லை, பீட்தான் இருக்கிறது.

வசனத்தை மனப்பாடம் செய்யும்போது ஏற்ற இறக்கமில்லாமல், பேருந்து நிறுத்தப் பெயர்களை வாசிப்பதுபோல் தட்டையாகப் படியுங்கள். தாளத்தோடு மனப்பாடம் செய்தால் எதிரே நிற்பவர் எப்படிப் பேசினாலும் உங்கள் பதில் ஒரே மாதிரி வரும். இரண்டாவது டேக்கில் இயக்குநர் 'கொஞ்சம் மெதுவா' என்றால் மாற்ற முடியாது. பிறகு இன்னொருவரை எதிரே உட்காரவைத்து, அவர் ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில் பேசட்டும். அவர் வாக்கியத்தை முடித்த பிறகே மூச்சை இழுங்கள். முன்பே இழுத்தால், கேட்காமல் உங்கள் முறைக்குக் காத்திருக்கிறீர்கள் என்பது நெருக்கக் காட்சியில் தோள்பட்டையிலேயே தெரியும்.

மற்றவை எளிது. மைக் பிடித்த கை நெஞ்சுக்கு ஏறும். பையிலோ நாற்காலியிலோ அதற்கு வேலை கொடுங்கள். மியூசிக் வீடியோப் பழக்கத்தில் கண் லென்ஸுக்குப் போகும். லென்ஸுக்குப் பக்கத்தில் விரல்கடை தூரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி அதைப் பாருங்கள். வசந்தம் தமிழ்த் தொலைக்காட்சி நாடகமானால் சென்னைப் படப் பேச்சை இறக்கிவைத்துவிட்டு, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்து வாய்ட் டெக்கில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுங்கள்.

தேர்வுக்கு அனுப்பும் வீடியோவை கைப்பேசியைப் படுக்கைவாட்டில் வைத்து எடுங்கள்: மார்பளவு சட்டகம், வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு எதிரே. முதலில் பெயர், உயரம், பேசும் மொழிகள், இரு பக்கவாட்டு முகம், பிறகு காட்சி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பகலில் பக்கத்து வீட்டு டிரில்லிங் உயிரை வாங்கும். ஞாயிற்றுக்கிழமை காலை எடுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள், வியர்த்தால் பரவாயில்லை.

கையெழுத்துக்கு முன்

வேலை அனுமதி அட்டையில் இருப்பவர் அதில் உள்ள முதலாளியைத் தவிர வேறு இடத்தில் சம்பளத்துக்கு நடிக்கக்கூடாது; சின்ன வேடமானாலும் மனிதவள அமைச்சின் விதி அதுதான். முழுநேரத் தேசிய சேவையில் இருப்பவர் வெளிவேலைக்கு முன்அனுமதி வாங்கவேண்டும். படத்தை ஐஎம்டிஏ (தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம்) வயதுக்கேற்ப வகைப்படுத்தும். வசனத்தில் உள்ள வசவைப் பொறுத்து பிஜி13 (13 வயதுக்குக் குறைந்தவருக்குப் பெற்றோர் வழிகாட்டல்) ஆகவேண்டியது என்சி16 (16 வயது ஆகாதவருக்கு அனுமதி இல்லை) ஆகலாம். அப்படியானால் உங்கள் ரசிகர்களில் 16 வயது ஆகாத பள்ளிப் பிள்ளைகள் உள்ளே வரமுடியாது. தயாரிப்பாளர் வசனத்தை மாற்றச் சொன்னால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

படத்தில் உங்கள் பாட்டையும் கேட்டால் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். வரி, இசை ஆகியவற்றின் உரிமை ஒன்று, ஒலிப்பதிவின் உரிமை இன்னொன்று. இரண்டுக்கும் தனித்தனித் தொகை எழுதச் சொல்லுங்கள். பாட்டெழுதுவோர், இசையமைப்பாளர்களின் உரிமைத்தொகையை வசூலிக்கும் கம்பாஸ் சங்கத்தில் உறுப்பினராக இருந்தால் அதையும் ஒப்பந்தத்தில் குறிப்பிடவேண்டும். பீட் விஷயத்தில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். இணையத்தில் வாடகை உரிமத்தில் வாங்கிய மலிவு பீட்டுக்குப் பெரும்பாலும் பாட்டாக வெளியிட மட்டும்தான் அனுமதி, படக்காட்சியோடு சேர்க்கத் தனி அனுமதி தேவை. பாட்டு பிரபலமான பிறகு பீட் போட்டவர் கேட்கும் விலை வேறு. ரசீது, உரிமப் பக்கம் இரண்டையும் பாட்டுக் கோப்போடு ஒரே இடத்தில் போட்டுவையுங்கள். தயாரிப்பாளரின் வழக்கறிஞர் கேட்கும்போது அந்த விற்பனைத் தளம் இருக்குமா என்பது நிச்சயமில்லை.