தீவகத் தோட்டங்களுக்குச் சைக்கிளில் போகிறவர்களுக்கு

ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் யாழ்ப்பாணத்துத் தீவகத்தில் தோட்டம் பார்க்கலாமென்று நினைத்தால் காய்ந்த கலட்டியும் (கல்லுத் தரையும்) பனையும்தான் கண்ணில் படும். பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் அப்போது வருவதால் எல்லோரும் அந்த மாதங்களிலேயே வருகிறார்கள். ஆனால் தீவகத்து மண் ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையை நம்பி இருப்பது. மழை ஓய்ந்த பிறகுதான் வெங்காயம், மிளகாய், கத்தரி, புகையிலை எல்லாம் பாத்தி பாத்தியாக நிற்கும். தோட்டம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் தை, மாசியில் வாருங்கள். பனங்கிழங்கு கிண்டுகிற காலமும் அதுதான். ஆவணியில்தான் வரமுடியும் என்பவர்களுக்குப் பனம்பழம் உண்டு.

காற்றை முதலில் கணக்குப் பாருங்கள். வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகம் தென்மேற்கிலிருந்து வீசும். யாழ்ப்பாணத்தைத் தீவகத்தோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தில் ஏறியதும் அது நெஞ்சில் அடிக்கும். திரும்பி வரும்போது முதுகில் தள்ளும். மார்கழி, தையில் வாடைக்காற்று இதற்கு நேர்மாறு. போகும்போது இலகுவாக இருக்கும், வெயிலில் களைத்துத் திரும்பும்போதுதான் எதிர்த்து மிதிக்கவேண்டும். ஆகவே வாடைக் காலத்தில் பாதித் தெம்பைத் திரும்பும் பயணத்துக்கு மிச்சம் பிடியுங்கள். இரண்டு காலத்திலும் காலை 6 மணிக்கு முன் பண்ணையைக் கடந்துவிடுவது நல்லது. பாலங்களில் ஒதுங்குவதற்கு ஒரு மர நிழல்கூடக் கிடையாது.

சைக்கிளை வெளிநாட்டிலிருந்து கொண்டுவராதீர்கள். மெல்லிய ரயரும் பிரெஸ்டா வால்வும் (ஒல்லியான வெளிநாட்டு வால்வும்) உள்ள சைக்கிளுக்குத் தீவகத்து வேலணையில் காற்றடிப்பது கடினம். அங்குள்ள பம் பொருந்தாமல் போகலாம், அந்த அளவு ரியூப்பும் கிடைப்பது அரிது. யாழ்ப்பாணத்தில் பழைய லுமாலா (உள்ளூர்ச் சைக்கிள்) ஒன்றை வாங்குங்கள், அல்லது வாடகைக்கு எடுங்கள். கியர் தேவையில்லை, தீவகம் தட்டை. எடுக்குமுன் மூன்றைப் பாருங்கள்: முன்சில்லைத் தூக்கிச் சுற்றினால் பிறேக் கட்டையில் உரசாமல் ஓடவேண்டும், பெடல் தண்டை ஆட்டினால் கடகடக்கக்கூடாது, இருக்கை, உங்கள் குதிக்கால் பெடலில் இருக்கும்போது கால் நேராக நீளும் உயரத்துக்கு ஏறவேண்டும். கையோடு ஒரு முழ வால்ரியூப் (வால்வில் மாட்டும் ரப்பர் குழாய்), ஒட்டுத்துண்டு, பசை, அரத்தாள், இரண்டு ரயர் நெம்பு, ஒரு கைப்பம்.

ஒழுங்கைகளில் ரயரைக் கெடுப்பது நெருஞ்சி முள்ளும் வேலி வெட்டிப் போட்ட கிளுவைத் தடியும். காற்று இறங்கினால் ரியூப்பை ஒட்டிவிட்டு உடனே பூட்டாதீர்கள். ரயரின் உட்புறத்தை விரலால் முழுச்சுற்றும் தடவுங்கள். நெருஞ்சி ஒன்றாக ஏறுவதில்லை. ஒன்றைப் பிடுங்கி மற்றதை விட்டால் அரை மைலில் மறுபடி உருட்டவேண்டிவரும். பாலங்களில் உப்புக்காற்று படுவதால் மாலையில் சங்கிலியை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள். விட்டால் இரண்டு நாளில் துரு ஏறும்.

வழி இப்படி. பண்ணை, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை வங்களாவடி. அங்கிருந்து ஒரு வீதி புங்குடுதீவுக்கும் குறிகட்டுவானுக்கும், இன்னொன்று சரவணை, நாரந்தனை, கரம்பொன் பக்கமாக ஊர்காவற்றுறைக்கும் போகிறது. முதல் நாளுக்கு ஊர்காவற்றுறைப் பக்கமே உகந்தது. துறையில் 'பாதை' எனப்படும் மிதவைப் படகில் சைக்கிளை ஏற்றிக் காரைநகரில் இறங்கிப் பொன்னாலைப் பாலம், வட்டுக்கோட்டை வழியாக வீடு வந்து சேரலாம். காற்றுப் பலமென்றால் பாதை ஓடாது. வந்த வழியே முழுத்தூரமும் திரும்பவேண்டும். அதற்கும் தண்ணீர் வேண்டும், ஆளுக்கு மூன்று லீற்றர். புங்குடுதீவில் பல கிணறுகள் உவர், சாட்டிப் பக்கத்து மணற்கிணறுகளில் நன்னீர் கிடைக்கும்.

நெடுந்தீவுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். குறிகட்டுவானிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் படகு. திரும்பும் படகின் நேரத்தை ஏறுமுன்பே கேட்டுவிடுங்கள். வேலிக்குப் பதில் முருகைக்கல் (பவளக்கல்) மதில் கட்டிய வளவுகளை (வீட்டுக் காணிகளை) அங்கே பார்க்கலாம். சாந்து இல்லாமல் அடுக்கிய கல், அதனால் சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள்.

தோட்டத்தில் எதைப் பார்ப்பது? முதலில் கிணறு. அடியில் சுண்ணக்கல், மழைநீர் அதனுள் இறங்கி, உவர்நீருக்கு மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. துலாவும் பட்டையும் இருந்த காலத்தில் ஒரு மனிதன் இறைக்கக்கூடிய அளவுதான் வெளியே வந்தது. இயந்திரம் அதிகம் இறைத்தால் நன்னீர்ப் படை மெலிந்து கீழிருக்கும் உவர் மேலேறும். ஒரு தோட்டத்தில் வெங்காயத்தாள் நுனி கருகியிருந்தால் உரத்தைப் பற்றிக் கேட்குமுன் கிணற்றைப் பற்றிக் கேளுங்கள். அடுத்தது வேலி. பூவரசு, கிளுவை, முள்முருங்கைக் கதியால்களை (வேலிக்கு நடும் தடிகளை) எவ்வளவு இடைவெளியில் நட்டிருக்கிறார்கள், குழையை எந்தப் பாத்திக்குப் பசளையாகத் தாழ்த்தியிருக்கிறார்கள் என்று பாருங்கள். படலையில் (வேலி வாசலில்) நின்று குரல் கொடுத்து, பதில் வந்த பிறகே உள்ளே போங்கள். 1990இல் சனம் இடம்பெயர்ந்து பிறகு திரும்பாத வளவுகளுக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு நுழையவேண்டாம். பற்றைக்குள் கட்டு இடிந்த கிணறு இருக்கும், காலடியில் வந்த பிறகுதான் தெரியும்.

இனி உங்கள் சொந்த வளவு. மேலே சொன்ன எதிலும் தவறு நடந்தால் ஒரு நாள் போகும். இதில் தவறினால் ஓர் உறவே போகும்.

தோட்டம் பார்க்கப் போகிற நாளில் காணி பேசாதீர்கள். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் யாரோ ஒருவர், மாமியின் மகனோ சித்தப்பாவோ, "தம்பி, நீங்கள் அங்கை, நாங்கள் இஞ்சை. ஒரு கையெழுத்து வைச்சு விட்டால் எங்களுக்கு வசதி" என்பார். அது அநியாயமான கேள்வி அல்ல. அந்தக் கிணற்றைத் தூர்வாரியதும் வேலி அடைத்ததும் மாமரத்துக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவர்தான். நாம் போனோம், அவர் நின்றார். ஆனாலும் படலைக்குள் நின்று "பார்ப்பம்" என்று சொல்லாதீர்கள். அது சம்மதமாக எடுக்கப்படும். வெற்றுத்தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி காணி கைமாற நொத்தாரிசும் (உறுதி எழுதும் சட்டத்தரணியும்) இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் முன்னிலையில் இருக்கவேண்டும். வீட்டில் வைத்த கையெழுத்தால் காணி மாறாது. ஆனால் அந்தத் தாள் பிறகு எங்கெல்லாமோ போகும்.

வார நாளில் யாழ்ப்பாணத்தில் இதற்கென இரண்டு முழு நாள் ஒதுக்குங்கள். காணிப் பதிவகத்துக்குப் போகுமுன் பழைய உறுதியின் (காணிப் பத்திரத்தின்) இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் கையில் இருக்கவேண்டும். காணியின் பெயர் மட்டும் போதாது. வீட்டில் "மேற்கு வளவு" என்று சொல்வது உறுதியில் ஏதோ ஒரு கலட்டியாகவோ புலமாகவோ இருக்கும், அதே பெயரில் பக்கத்துக் காணியும் இருக்கும். பலர் உறுதிப் பிரதியை எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பதிவேட்டுப் பிரதியையும் கேளுங்கள். பிறகு நடந்த கைமாற்றமும் ஈடும் (அடமானமும்) அதில்தான் தெரியும். பரப்பைச் சரிபாருங்கள்: 16 பரப்பு ஓர் ஏக்கர். கிணற்றுப் பங்கும் வாய்க்கால், வழி உரிமையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று கடைசி வரி வரை வாசியுங்கள். கிணற்றில் பங்கில்லாத தோட்டம் வெறும் தரை.

கடவுச்சீட்டிலுள்ள பெயரும் பிறப்பு அத்தாட்சியிலுள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல்தான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற சத்தியக் கடதாசியை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். பெற்றோரின் இறப்பு, திருமண அத்தாட்சிப் பத்திரங்களின் மூலப்பிரதி கேட்பார்கள். கைத்தொலைபேசிப் படம் எடுபடாது. விதானையார் (கிராம அலுவலர்) எந்த நாளில் அலுவலகத்தில் இருப்பார் என்பதை முதலே விசாரியுங்கள். அவர் கடிதத்தில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் வேண்டியிருந்தால் அதற்கு இன்னொரு நாள். விமானச்சீட்டைக் காட்டி அவசரப்படுத்தினால் வேலை விரைவாவதில்லை.

சட்டத்தில் மூன்று இடத்தில் கால் இடறும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டப்படி பத்து வருடம் எதிர்ப்பில்லாமல் தன்னுடையதாக ஆண்டவர் உரிமை கோரலாம். உங்கள் அனுமதியோடு இருப்பவர் அப்படிக் கோருவது கடினம். ஆகவே இருப்பவரோடு சிறு குத்தகை எழுதுங்கள், ஆயிரம் ரூபாவானாலும் பற்றுச்சீட்டு இருக்கட்டும். இரண்டாவது தேசவழமை (யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டம்): விற்குமுன் பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் அறிவிக்கவேண்டும், மணமான பெண் தன் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மூன்றாவது, 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டுக் குடிமகனுக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமைக்கும் மரபுரிமைக்கும் விலக்கு உண்டு. அற்றோணித் தத்துவம் (உங்களுக்காக ஒருவர் செயற்படும் அதிகாரம்) கொடுப்பதென்றால் குறித்த ஒரு காரியத்துக்கு மட்டும் கொடுங்கள்.

இவ்வளவும் செய்த பிறகு, முப்பது வருடம் இறைத்தவருக்குப் பாதியையாவது நன்கொடை உறுதியில் எழுதிக்கொடுப்பதே நியாயம் என்று பட்டால் எழுதிக்கொடுங்கள். அவர் கேட்டுக் கொடுப்பதைவிட, பத்திரங்கள் சரியான பிறகு நீங்களாகவே கொடுப்பதில் அவருக்கும் மரியாதை இருக்கும்.

வெங்காயமோ கத்தரியோ தோட்டத்திலேயே சந்தை விலைக்கு வாங்குங்கள், சும்மா தந்தாலும் காசைக் கொடுங்கள். கதியாலையும் மண்ணையும் விமானத்தில் கொண்டுபோக நினைக்காதீர்கள். இறங்கும் நாட்டில் பறித்து எரிப்பார்கள். ஒடியலையும் (காயவைத்த பனங்கிழங்கையும்) பனாட்டையும் (காயவைத்த பனம்பழக் களியையும்) சுங்கப் படிவத்தில் எழுதிக் காட்டுங்கள். வாங்கிய சைக்கிளை அரை விலைக்கு விற்க அலையாமல், ரியூப் இரண்டும் மாற்றி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, உங்கள் வளவில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுகிற பிள்ளையிடம் விட்டுவிட்டு வாருங்கள்.