பழைய சவரக் கத்தி: படத்தைப் பார்த்தே தேர்ந்தெடுப்பது எப்படி?

நான் இணையத்தில் முதன்முதலாக வாங்கிய மடக்குச் சவரக் கத்தி படத்தில் கண்ணாடிபோல் மின்னியது. புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் பொட்டலத்தைப் பிரித்துப் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், மயிர் மழிக்கும் கத்தியில் மயிரிழை விரிசல்! விரிசலுக்கு வைத்தியம் கிடையாது. அன்றிலிருந்து பளபளப்பைக் கண்டாலே எனக்குச் சந்தேகம்.

முதலில் பெயர்கள். எஃகுப் பகுதி அலகு. அதன் கூரான ஓரம் வாய். எதிரே தடித்திருப்பது முதுகு. கைப்பிடிக்குள் ஆணியில் கோத்திருக்கும் ஒடுங்கிய பகுதியைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டாவதாக, முதுகைப் பாருங்கள். புதியவர்கள் கழுத்தில் பொறித்த முத்திரையில்தான் மயங்குவார்கள். ஆனால் கத்தியின் ஆயுளைச் சொல்வது முதுகு. தீட்டும்போது அலகைக் கல்லில் படுக்க வைப்பார்கள். முதுகும் வாயும் ஒரே நேரத்தில் கல்லைத் தொடும். எனவே கூரின் கோணத்தை முடிவு செய்வதே முதுகுதான். அளவாகத் தீட்டிய கத்தியில் முதுகின் இருபுறமும் மெல்லிய தட்டைக் கோடு இருக்கும். அந்தக் கோடு பட்டையாக அகன்றிருந்தாலோ, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகியும் இருந்தாலோ, யாரோ பல ஆண்டுகள் தாறுமாறாகத் தீட்டியிருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

அடுத்தது வாய். நேராகவோ, புன்னகைபோல் சற்று வெளியே வளைந்தோ இருக்கலாம். உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். கழுத்தில் துரு இருந்தால் கவலையில்லை. வாயோரத்தில் கரும்புள்ளிகளாகக் குழிந்த துரு இருந்தால், தீட்டத் தீட்டக் கூர் உதிரும்.

அகலத்தை அங்குலத்தின் எட்டில் ஒரு பங்குக் கணக்கில் சொல்வார்கள். முதல் கத்திக்கு 5/8 அல்லது 6/8 போதும்.

இப்போது முத்திரை. கழுத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் ஸோலிங்கன், பிரான்சின் தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்டூனா என்று ஊர்ப்பெயர் இருந்தால் நல்ல அறிகுறி. பிரெஞ்சு இராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்கள் நிறைந்த ஊர் இது என்பதால், காந்தி வீதி ஞாயிற்றுச் சந்தையில் தியேர் கத்தி அகப்படுமா என்று இன்னமும் தேடுகிறேன். கிரீடத்துடன் வி.ஆர். என்ற எழுத்துகள் இருந்தால் விக்டோரியா அரசியின் காலம், அதாவது 1837 முதல் 1901 வரை. 1890இல் அமெரிக்கா இயற்றிய மெக்கின்லி சுங்கச் சட்டம், இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்றது. ஆகவே நாட்டின் பெயர் பொறித்திருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கத்தி. பெயர் இல்லை என்பதற்காகப் பழையது என்று முடிவுகட்டக் கூடாது. எல்லாக் கத்தியும் அமெரிக்காவுக்குப் போகவில்லை. எழுத்துகள் தேய்ந்து மங்கியிருக்க, அலகு மட்டும் மின்னினால், இயந்திரத்தில் வைத்து மெருகேற்றியிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போயிருக்கலாம்.

கைப்பிடியில் ஓர் எச்சரிக்கை. யானைத் தந்தம் என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இந்தியாவில் தந்த வணிகத்துக்குத் தடை. மாட்டுக் கொம்பு நல்லது. செல்லுலாய்டு என்ற பழைய காலத்து பிளாஸ்டிக் பார்க்க அழகு, கற்பூரம் கலந்து செய்வது. ஆனால் பழசாகிச் சிதையத் தொடங்கினால் அமில ஆவியை விட்டு அலகையே அரித்துவிடும். மடக்கினால் உள்ளே மறையும் பகுதியில் மட்டும் துரு இருந்தால் அதுதான் காரணம்.

பணம் கட்டும் முன் விற்பவரிடம் மூன்று விதமான படங்கள் கேளுங்கள்: இரு பக்கமும் முழு அலகு, மேலிருந்து முதுகு, வெளிச்சத்தில் வாய். அனுப்பத் தயங்குபவரிடம் வாங்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் அஞ்சல் கட்டணத்தோடு சுங்க வரியும் சேரலாம்.

வந்ததும் மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடையுங்கள். ‘உடனே சவரம் செய்யலாம்’ என்ற விளம்பரத்தை நம்பாமல், சவரக் கத்தி தீட்டத் தெரிந்தவரிடம் கொடுங்கள். தெருவில் சைக்கிள் சக்கரத்தைச் சுழற்றிச் சாணை பிடிப்பவரிடம் மட்டும் நீட்டிவிடாதீர்கள். அரிவாள்மனைக்கு அவர் தெய்வம், இந்த அலகுக்கு எமன். நம் ஊர் உப்புக்காற்றுக்கு ஒரே இரவில் துரு பூக்கும். ஒவ்வொரு முறையும் ஈரம் போகத் துடைத்து, ஒரு துளி மினரல் எண்ணெய் தடவி, குளியலறைக்கு வெளியே வையுங்கள்.